ரேஷன் புத்தகத்தில் ஆரம்பியுங்கள், போஸ்டரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்

கேள்வி: இரண்டாம் உலகப்போர் காலத்து பிரிட்டிஷ் போஸ்டர், குறிப்பாக 'கீப் காம் அண்ட் கேரி ஆன்' (பதறாமல் உங்கள் வேலையைப் பாருங்கள்) என்ற போஸ்டரின் அசல் பிரதி, இன்று வாங்கக் கிடைக்குமா? அந்தக் காலத்துப் பொருள்களைச் சேகரிக்க ஆசை. எதில் தொடங்கலாம்?

பதில்:

நான் இங்கிலாந்துக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் கார் பூட் சேல் என்று ஒன்று நடக்கும், மைதானத்தில் கார்களை நிறுத்தி டிக்கியைத் திறந்து வைத்து வீட்டிலுள்ள பழைய சாமான்களை விற்பார்கள். அங்கே சுற்றிச்சுற்றித்தான் இந்தப் பழக்கம் எனக்கு வந்தது. அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன்: அந்த போஸ்டரின் அசலைத் தேடி அலையாதீர்கள்.

1939 ஆகஸ்ட் கடைசியில், போர் வந்துவிடும் என்று தெரிந்த நாள்களில், பிரிட்டிஷ் அரசு மூன்று போஸ்டர்கள் அச்சடித்தது. அதில் இரண்டு சுவருக்கு வந்தன. ஒன்றில் "உங்கள் துணிவு, உங்கள் உற்சாகம், உங்கள் உறுதி நமக்கு வெற்றியைத் தரும்" என்று இருந்தது. தமிழில் எழுதும்போதுதான் இதிலிருந்த சிக்கல் எனக்கு நன்றாகப் புரிந்தது. நமக்கு, எங்களுக்கு என்ற இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல். அரசு 'நமக்கு' என்று நினைத்து எழுதியது, படித்தவர்களில் பலருக்கு அது 'எங்களுக்கு' என்று பட்டது, அதாவது உழைப்பும் கஷ்டமும் உங்களுக்கு, வெற்றி மேலே இருக்கும் எங்களுக்கு. கடுமையான விமர்சனம் வந்தது. மூன்றாவதுதான் நீங்கள் கேட்கும் போஸ்டர். ஏறத்தாழ 24.5 லட்சம் பிரதிகள் அச்சடித்து, பெரிய குண்டுவீச்சு வரும்போது ஒட்டலாம் என்று கிடங்கில் வைத்தார்கள். குண்டுவீச்சு வந்தது, போஸ்டர் வெளியே வரவில்லை. காகிதத் தட்டுப்பாட்டில் 1940-லேயே பெரும்பகுதியைக் கூழாக்கிவிட்டார்கள்.

அப்புறம் அறுபது வருடம் யாரும் அதை நினைக்கவில்லை. 2000-ல் நார்தம்பர்லாந்தில் ஆனிக் என்ற ஊரிலுள்ள பார்ட்டர் புக்ஸ் என்ற பழைய புத்தகக்கடையில், ஏலத்தில் எடுத்த புத்தகப்பெட்டியின் அடியில் ஒரு பிரதி மடித்துக் கிடந்தது. கடைக்காரர்கள் சட்டம் போட்டு மாட்டினார்கள், வந்தவர்கள் எல்லாம் கேட்க, நகல் அடித்து விற்றார்கள், இன்று காபிக் கோப்பை முதல் டீசர்ட் வரை எங்கும் அதுதான். 2012-ல், ஜனங்கள் கொண்டுவரும் பழம்பொருள்களை மதிப்பிட்டுச் சொல்லும் பிபிசியின் ஆன்டிக்ஸ் ரோட்ஷோ நிகழ்ச்சிக்கு ஒரு பெண்மணி சுமார் 15 பிரதிகளைக் கொண்டுவந்தார், போர்க்காலத்தில் விமானக் கண்காணிப்புப் படையில் இருந்த அவருடைய அப்பாவிடம் இருந்தவை. அதையே பெரிய புதையலாகப் பேசினார்கள் என்றால் எவ்வளவு அரிது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மனதை உறுத்துவது இதுதான். போர்க்காலத்தின் அடையாளம் என்று நாம் சுவரில் மாட்டுவதை, அந்தப் போரில் வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் பார்த்ததே இல்லை.

அவர்கள் தினமும் பார்த்த போஸ்டர்கள் வேறு. ஃபூகாஸ் என்ற கார்ட்டூன் ஓவியர் 1940-ல் வரைந்த வரிசை ஒன்று உண்டு, கவனமில்லாத பேச்சு உயிரைக் குடிக்கும் என்பது அதன் வாசகம். இரண்டு பெண்கள் வண்டியில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள், பின்சீட்டில் ஹிட்லரும் அவருடைய விமானப்படைத் தலைவர் கோரிங்கும் காது கொடுத்துக்கொண்டிருப்பார்கள். இதற்கு அவர் கூலி வாங்கவில்லை. அப்புறம் மண்வெட்டியை மிதிக்கும் ஒரு பூட்ஸ் கால், 'வெற்றிக்காகத் தோண்டு', வீட்டுத் தோட்டத்தில் காய்கறி போடச் சொன்னது. இவற்றின் அசலும் விலை அதிகம்தான், ஏனென்றால் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிக் கிழித்துப் பழைய பேப்பருக்குப் போட்டுவிட்டார்கள். சுவரில் மாட்டத்தான் என்றால் இம்பீரியல் வார் மியூசியம் விற்கும் நகலை வாங்குங்கள். அசல் என்று யாராவது நீட்டினால் அடி ஓரத்தைப் பாருங்கள், அரசு போஸ்டர்கள் பலவற்றில் அச்சகத்தின் பெயரும் ஒரு எண்ணும் பொடி எழுத்தில் இருக்கும். தாள் பளபளவென்று வழவழப்பாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

சரி, எதில் தொடங்கலாம்? ரேஷன் புத்தகத்தில். சில பவுண்டுக்குக் கிடைக்கும், ஏனென்றால் நாட்டில் ஒவ்வொருவருக்கும் ஒன்று இருந்தது, கைக்குழந்தைக்கும்கூட. 1940 ஜனவரி 8-ல் பேக்கன் போன்ற பதப்படுத்திய பன்றி இறைச்சி, வெண்ணெய், சர்க்கரையில் ஆரம்பித்த ரேஷன் 1954 ஜூலை 4-ல் இறைச்சியோடுதான் முடிந்தது. போர் முடிந்து ஒன்பது வருடம் கழித்து! நம் ஊரில் அரிசி கார்டு, சர்க்கரை கார்டு என்று பிரித்ததுபோல இங்கே அட்டையின் நிறத்தில் பிரித்தார்கள். பெரியவர்களுக்கு வெளிர் பழுப்பு, ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு நீலம், கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் பச்சை. பச்சைப் புத்தகக்காரர்களுக்குப் பாலிலும் முட்டையிலும் பழத்திலும் முன்னுரிமை. பதிந்த கடையில்தான் வாங்க வேண்டும் என்பதும் நமக்குப் பழகிய விஷயம்தான்.

என்னிடம் உள்ள ஒன்றைச் சொல்கிறேன். பழுப்பு அட்டை, ஓரமெல்லாம் நைந்து துணிபோல ஆகிவிட்டது. பெயரை விட்டுவிடுகிறேன், ஒரு பெண்ணுடையது. முகவரியை இரண்டு முறை அடித்து மாற்றியிருக்கிறது, மூன்று முகவரியும் மூன்று வெவ்வேறு ஊர், ஒவ்வொரு மாற்றத்துக்கும் பக்கத்தில் உணவு அலுவலகத்தின் ஊதா முத்திரை. உள்ளே மளிகைக்கடைக்காரர் பென்சிலால் கோடு இழுத்துக் கழித்த கட்டங்கள். தேயிலை வாரத்துக்கு 2 அவுன்ஸ், அதாவது 57 கிராம். நான் ஒரு நாள் தராசில் அதை நிறுத்துப் பார்த்தேன், உள்ளங்கையில் கொஞ்சம் குவிந்து நின்றது, எங்கள் வீட்டில் அது மூன்று நாளுக்கு வராது. பின்னட்டையின் உள்பக்கம் யாரோ பென்சிலால் ஒரு கூட்டல் கணக்குப் போட்டு, தப்பாகிப்போய், மறுபடி போட்டிருக்கிறார்கள். எந்த போஸ்டரும் எனக்கு இவ்வளவு நெருக்கமாக ஒரு ஆளைக் காட்டியதில்லை.

துணிக்கு 1941 ஜூனிலிருந்து தனி கூப்பன், முதல் வருடம் ஆளுக்கு 66, போகப்போகக் குறைந்தது. கம்பளி கவுன் ஒன்றுக்கு 11 போய்விடும். பழைய துணி வாங்கினால் உள்ளே தைத்த லேபிளைத் தேடுங்கள், ஒரு துண்டு வெட்டிய வட்டம் இரண்டும் 41 என்ற எண்ணும் இருந்தால் அரசு நிர்ணயித்த சிக்கன உடுப்பு என்று அர்த்தம். வெட்டிய சீஸ்போல இருப்பதால் ஜனங்கள் அதற்கு அந்தப் பெயரையே வைத்தார்கள். இந்த முத்திரை 1952 வரை வந்தது, அதனால் எல்லாமே போர்க்காலம் என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை, இதைத் தயவுசெய்து மனதில் வையுங்கள். அட்டைப்பெட்டியோடு விஷவாயு முகமூடி எல்லாச் சந்தையிலும் கிடைக்கும், ஏனென்றால் 1938 செப்டம்பருக்குள்ளேயே சுமார் 3.8 கோடி முகமூடி கொடுத்துவிட்டார்கள். வேடிக்கைக்குக்கூட முகத்தில் மாட்டாதீர்கள், பிள்ளைகளிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பல முகமூடிகளின் வடிகட்டியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது. நான் காலிப் பெட்டியை மட்டும் வாங்கினேன்.

வாங்கியதை லேமினேட் செய்யாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள், அமிலமில்லாத காகித உறையில் வைத்து வெயில் படாமல் வையுங்கள். விற்பவர் அது யாருடையது, எந்த வீட்டில் இருந்தது என்று சொன்னால் அன்றே உறையின்மேல் பென்சிலால் எழுதிவிடுங்கள், ஒரு மாதம் போனால் மறந்துவிடும். நான் இரண்டு மூன்றுக்கு அப்படி எழுதாமல் விட்டேன், இப்போது கேட்க ஆள் இல்லை.

கடைசியாக வாங்கியது ஒரு தகர டப்பா, குழந்தைகளுக்கு அரசு கொடுத்த நேஷனல் டிரைடு மில்க் பால்பவுடர் டப்பா. இதுவும் போருக்குப் பிறகு பல வருடம் வந்ததுதான், காலம் சொல்ல முடியாது. உள்ளே நிறையப் பொத்தான்கள். நைந்த துணியிலிருந்து வெட்டி எடுத்தவை, சிலவற்றில் நூல் இன்னும் இருக்கிறது. சட்டைக்கு எத்தனை பொத்தான், எத்தனை பை என்றெல்லாம்கூட 1942-ல் கட்டுப்பாடு வந்த நாடு இது. ஒரே மாதிரி இருந்த நான்கை யாரோ ஒரு ஊக்கில் கோத்து வைத்திருக்கிறார்கள், எந்தச் சட்டைக்கு என்று தெரியவில்லை. நான் அதைக் கழற்றவில்லை, அப்படியே திரும்ப உள்ளே போட்டு மூடி வைத்திருக்கிறேன்.