முழங்கை வலிக்கு இன்னோர் ஊசி போடலாமா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் வசிக்கும் எனக்கு வயது 43. மாலை வேளைகளில் ஷட்டில் ஆடுவேன். வலது முழங்கையின் வெளிப்புறம் வலித்ததால் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டு ஒரு மாதம் ஓய்வெடுத்தேன், வலி நின்றது. திரும்ப ஆடத் தொடங்கியதும் தண்ணீர்க் குடத்தைக்கூடத் தூக்க முடியவில்லை. இன்னோர் ஊசி போட்டுக்கொள்ளலாமா, டாக்டர்?

பதில்: வேண்டாம். நீங்கள் சொல்வது, டென்னிஸ் மட்டையைத் தொட்டறியாதவர்களுக்கும் வருகிற ‘டென்னிஸ் எல்போ’வாகவே தெரிகிறது. மணிக்கட்டை மேல்நோக்கி நிமிர்த்தும் தசைகள் முழங்கையின் வெளிப்பக்க எலும்பு முனையில் பற்றியிருக்கும் இடத்தில், தசைநாண் தன் வலுவுக்கு மிஞ்சிய சுமையை நெடுநாள் தாங்கி நைந்துபோவதே இதன் அடிப்படை. ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியை நன்றாகவே அடக்கும். ஆனால் ஓராண்டு கழித்துப் பார்த்த ஆய்வுகளில், ஊசி போட்டுக்கொள்ளாதவர்களே கூடுதலாகத் தேறியிருந்தனர். ஓய்வும் வலியைத் தணிக்குமே தவிர நாணுக்கு வலுவூட்டாது. அளவறிந்து ஏற்றும் சுமைதான் அதைச் செய்யும்.

முன்கையை மேசைமேல் கிடத்தி, உள்ளங்கை தரையைப் பார்க்க, மணிக்கட்டை விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொள்ளுங்கள். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து 30 முதல் 45 விநாடி அசையாமல் நிறுத்துங்கள்; இப்படி ஐந்து முறை. ஓரிரு வாரங்களில் வலி சற்று அடங்கியதும், இடக்கை உதவியால் மணிக்கட்டை உயர்த்தி, வலக்கையால் மட்டும் நான்கைந்து விநாடிகளில் மெல்ல இறக்கும் பயிற்சிக்கு மாறுங்கள்: 15 தடவை வீதம் மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். பயிற்சியின்போது பத்துக்கு மூன்று என்னும் அளவில் வலி இருந்தால் அஞ்ச வேண்டாம். மறுநாள் காலையிலும் அது கூடுதலாகவே இருந்தால் எடையைக் குறையுங்கள். மூன்று மாதமாவது விடாமல் செய்ய வேண்டும். பலர் வலி குறைந்த ஆறாவது வாரத்திலேயே நிறுத்திவிட்டு மறுபடி வருகிறார்கள்.

ஆட்டத்தை அறவே விட வேண்டியதில்லை. பேக்ஹேண்டையும் ஸ்மாஷையும் சில காலம் ஒதுக்கி, ராக்கெட்டை இறுகப் பிடிக்காமல், குறைந்த நேரம் ஆடலாம். முழங்கைக்குக் கீழே கட்டும் பட்டை ஆடும்போது மட்டும் உதவும். டெண்டுல்கர் இதே வலிக்கு 2005இல் அறுவை சிகிச்சை செய்துகொண்டதைச் சொல்லி அதையே கேட்பவர்கள் உண்டு. பெரும்பாலோருக்கு அது தேவைப்படுவதில்லை.

விரல்கள் மரத்துப்போனாலோ, கழுத்திலிருந்து வலி இறங்கினாலோ, முழங்கை பூட்டிக்கொண்டாலோ இந்தப் பயிற்சிகளைத் தொடங்காமல் எலும்பு மருத்துவரை நேரில் பாருங்கள்.