மாசத்துல மூணு நோன்பு: வாசகர் கேள்வி, நம்ம பதில்

கேள்வி: ரமலான் முடிஞ்சதும் நோன்புங்கிற நினைப்பே போயிடுது. மாசா மாசம் மூணு நோன்பு வைக்கிறது சுன்னத்துன்னு (நபி வழின்னு) ஜும்ஆ பயான்ல ஹஜ்ரத் சொன்னாங்க. அது பிறை 13, 14, 15 தான் வைக்கணுமா, இல்ல எந்த மூணு நாளும் வைக்கலாமா? மூணே மூணு நாள் வச்சு என்ன வந்துடப் போகுதுன்னு வீட்ல கேக்குறாங்க.
– வாசகர், மேலப்பாளையம்

முதல்ல நாள் விஷயத்த முடிச்சிடுவோம். பிறைக் கணக்குல 13, 14, 15ம் நாள், அதாவது வெள்ளை நாள்கள்ல வைக்கிறதுதான் சிறப்பு, நபித்தோழர் அபூதர் (ரலி) அவங்ககிட்ட நபி (ஸல்) அவங்க மாசத்துல மூணு நாள் வைக்கிறதா இருந்தா இந்த மூணு நாள்ல வையுங்கன்னு சொன்னது திர்மிதிங்கிற ஹதீஸ் (நபிமொழி) தொகுப்புல இருக்கு. ஆனா அதுதான் கட்டாயம்னு இல்ல. நபி (ஸல்) அவங்க மாசத்துல எந்த நாள்ல வைப்பாங்கன்னு அவங்க மனைவி ஆயிஷா (ரலி) அம்மாகிட்ட கேட்டப்ப, எந்த நாள்னு அவங்க பார்க்க மாட்டாங்கன்னு பதில் சொல்லிருக்காங்க, இது முஸ்லிம்ங்கிற ஹதீஸ் தொகுப்புல வருது. அதனால உங்களுக்கு திங்கள், வியாழன் வசதியா, அப்படி வையுங்க. மாசக் கடைசிலதான் லீவு கிடைக்குதா, அப்ப வையுங்க. துல்ஹஜ் மாசம் மட்டும் பிறை 13ல வைக்கக்கூடாது, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அடுத்த மூணு நாளும் நோன்பு வைக்கிறதுக்கு தடை இருக்கு, அந்த மாசம் ஒரு நாள் தள்ளி வச்சுக்கோங்க.

இப்ப வீட்ல கேட்ட கேள்விக்கு வர்றேன், அதுதான் எனக்கு முக்கியமா படுது. நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவங்க கதைய வீட்ல எல்லாரையும் உக்கார வச்சு சொல்லுங்க. வாலிப வயசு, தினமும் நோன்பு, ராத்திரி பூரா தொழுகை, ஒரே ராத்திரில குர்ஆன ஓதி முடிச்சிடுவாங்க. அவங்க வாப்பா நல்ல குடும்பத்துல பொண்ணு பார்த்து கல்யாணம் பண்ணி வச்சாங்க, கொஞ்ச நாள் கழிச்சு மருமக கிட்ட எப்படிம்மா இருக்காருன்னு விசாரிச்சா, ரொம்ப நல்ல மனுஷன்தான், ஆனா நான் வந்ததுல இருந்து எங்க படுக்கையில கால் கூட வச்சதில்லன்னு அந்தம்மா சொன்னாங்க. விஷயம் நபி (ஸல்) அவங்க வரைக்கும் போச்சு. கூப்பிட்டு, உன் உடம்புக்கு உன் மேல உரிமை இருக்கு, உன் கண்ணுக்கு இருக்கு, உன் மனைவிக்கு இருக்கு, உன்ன பார்க்க வர்ற விருந்தாளிக்கும் இருக்குன்னு சொல்லி, மாசத்துல மூணு நாள் நோன்பு வை, ஒரு நன்மைக்கு பத்து மடங்கு கூலி, அது வருஷம் பூரா வச்ச மாதிரின்னு சொன்னாங்க. அப்துல்லாஹ் (ரலி) விடல. இதுக்கு மேலயும் என்னால முடியும், முடியும்னு கேட்டுக்கிட்டே போய் கடைசில தாவூத் நபி (அலை) வச்ச மாதிரி ஒரு நாள் விட்டு ஒரு நாள்ங்கிற அளவுல வந்து நின்னாங்க.

அதுக்கப்புறம் நடந்தததான் நாம கவனிக்கணும். வயசாகி உடம்பு தளர்ந்ததும் நபி (ஸல்) கொடுத்த சலுகைய அன்னைக்கே ஏத்துக்கிட்டிருந்தா நல்லா இருந்திருக்குமேன்னு அவங்க வருத்தப்பட்டாங்க, ஆனா விடவும் மனசில்ல, தெம்பு வேணும்னு சில நாள் சேர்ந்தாப்ல நோன்ப விட்டு சாப்பிட்டு, அத எண்ணி வச்சு பின்னாடி ஈடு கட்டுவாங்க. நபி கூட இருந்தப்ப எந்த அளவுல இருந்தோமோ அதுல குறைய வேணாம்னு. அந்த வயசுலயும் அப்படி ஒரு பிரியம். ஆக, மூணுங்கிறது குறைச்சல் இல்ல, ஒரு மனுஷன் வேலை வெட்டி, பொண்டாட்டி புள்ள, வயசு, வியாதி எல்லாத்தோடயும் சேர்த்து கடைசி வரைக்கும் தூக்கிட்டு போகக்கூடிய அளவு. அல்லாஹ்வுக்கு ரொம்ப பிரியமான அமல் கொஞ்சமா இருந்தாலும் விடாம செய்றதுன்னு புகாரி, முஸ்லிம் ரெண்டுலயும் வருதே, அதுக்கு இத விட பொருத்தமான வணக்கம் எனக்கு தெரிஞ்சு இல்ல.

கேள்வி: உம்மா வீட்டு பங்கு விஷயத்துல என் கூடப் பொறந்த ராத்தாவோட பேச்சுவார்த்தை இல்லாம இருக்கேன். வெள்ளை நாள் நோன்பு விடாம வைக்கிறேன், திக்ரும் ஓதுறேன். ஆனா அவங்க பேர கேட்டாலே நெஞ்சு கொதிக்குது. இந்த நோன்பால ஆன்மீக பலன் நிறையன்னு சொல்றாங்களே, எனக்கு ஏன் ஒன்னும் தெரியல?
– வாசகி, கீழக்கரை

சகோதரி, நீங்க கேட்ட இந்த இடத்துக்குத்தான் இந்த நோன்பே மருந்துன்னு வந்திருக்கு. நெஞ்சுல உள்ள குரோதத்த போக்கக்கூடியத உங்களுக்கு சொல்லட்டுமா, அது ஒவ்வொரு மாசமும் மூணு நாள் நோன்பு வைக்கிறதுன்னு நபி (ஸல்) சொன்னதா நஸாயீல ஒரு ஹதீஸ் இருக்கு. இந்த நோன்புக்கு ஆயிரம் பலன் சொல்றவங்க இத மட்டும் ஏனோ அதிகம் சொல்றதில்ல, எனக்கு அதுல வருத்தமே உண்டு.

ஆனா அது தானா நடக்குற காரியம் இல்ல. ரமலான்ல ஊரே நோன்பு, பள்ளியில கஞ்சி காய்ச்சுறாங்க, சஹருக்கு எழுப்பிவிட ஆள் வர்றாங்க, தெருவே முழிச்சு கிடக்கும். இந்த மூணு நாள்ல அப்படி யாரும் வரமாட்டாங்க. அலாரத்த அமத்திட்டு அடுப்படி லைட்ட மட்டும் போட்டு, ராத்திரி மிச்சம் இருந்த சோத்துல தயிர ஊத்தி, ரெண்டு பேரீச்சம்பழத்தோட நிய்யத் (நோன்பு வைக்கிறேன்னு மனசுல உறுதி) வைக்கிற அந்த நேரத்துல உங்களையும் அல்லாஹ்வையும் தவிர வேற யாரும் இல்ல. பகல்ல வீட்ல மத்தவங்களுக்கு ஆக்கிப் போடணும், புள்ளைங்க கத்தும், அஸர் நெருங்குற நேரத்துல ஒடம்பு சோர்ந்து வாய்ல சுள்ளுன்னு வார்த்தை வரும். சரியா அந்த நேரத்துலதான் ராத்தா ஞாபகமும் வரும். யாராவது திட்டினாலோ சண்டைக்கு வந்தாலோ நான் நோன்பாளின்னு சொல்லிடுங்கன்னு ஹதீஸ் இருக்குல்ல, அத வெளிய இருக்கிறவங்களுக்கு மட்டும்தான் நாம சொல்றோம். மனசுக்குள்ள ராத்தாவோட வாதாடிட்டு இருக்கோமே, அங்கேயும் நான் நோன்பாளின்னு சொல்லி பாருங்க. பொய்யான பேச்சையும் அதன்படி நடக்கிறதையும் விடாதவன் சாப்பாட்டையும் தண்ணியையும் விடுறதுல அல்லாஹ்வுக்கு எந்த தேவையும் இல்லன்னு புகாரியில வர்றதும் நமக்குத்தான்.

இன்னொன்னையும் மறைக்காம சொல்லிடுறேன். திங்கள், வியாழன்ல சொர்க்கத்தோட வாசல் திறக்கப்படுது, இணை வைக்காத எல்லாருக்கும் மன்னிப்பு கிடைக்குது, தன் சகோதரனோட பகை வச்சிருக்கிறவங்களுக்கு மட்டும், இவங்க ரெண்டு பேரும் சமாதானம் ஆகுற வரைக்கும் நிறுத்தி வையுங்கன்னு சொல்லப்படுதுன்னு முஸ்லிம்ல வருது. நோன்பு இருந்தும் பலன் தெரியலன்னு நீங்க எழுதினத படிச்சப்ப எனக்கு இந்த ஹதீஸ்தான் மனசுல வந்துச்சு. முஸ்லிமான ஒருத்தர் தன் சகோதரர மூணு ராத்திரிக்கு மேல வெறுத்து ஒதுங்கி இருக்கக்கூடாது, ரெண்டு பேர்ல முதல்ல ஸலாம் சொல்றவர்தான் சிறந்தவர்னும் இருக்கு. அதனால வர்ற மாசம் மூணு நோன்பையும் இதுக்குன்னே வையுங்க. நோன்பாளி நோன்பு திறக்கிற வரைக்கும் கேக்குற துஆ தட்டப்படாதுன்னு திர்மிதியில வருது, மஃரிபுக்கு முன்னாடி பத்து நிமிஷம் தனியா உக்கார்ந்து ராத்தா பேர சொல்லி துஆ செய்யுங்க, முதல் நாள் வாய் வராது, பரவாயில்ல, அடுத்த நாள் வரும். மூணாவது நாள் திறந்ததும் ஒரு போன் போட்டு அஸ்ஸலாமு அலைக்கும் மட்டும் சொல்லுங்க. அவங்க எடுக்கலன்னா அது அவங்க கணக்கு.

பங்க விட்டுக் கொடுங்கன்னு நான் சொல்லல. அந்நிஸா சூராவுல அல்லாஹ் வகுத்த பங்க கேக்குறதுல ஒரு பாவமும் இல்ல, ஜமாஅத்ல வச்சு முறையா கேளுங்க. பங்கு கேக்குறது வேற, பகைய வளக்குறது வேற.

கேள்வி: நான் ஷார்ஜாவுல இருக்கேன், ஊர்ல வீட்டுக்காரங்க வைக்கிற நாளும் இங்க பிறை 13ம் ஒரு நாள் மாறி வருது. எது சரி?
– வாசகர், ஷார்ஜா

ரெண்டும் சரிதான். நீங்க இருக்கிற ஊர் பிறைக் கணக்கு உங்களுக்கு, ஊர்ல தலைமை காஜி அறிவிக்கிற கணக்கு அவங்களுக்கு. சேர்ந்து வச்ச திருப்தி வேணும்னா திங்கள், வியாழன் நோன்ப எடுத்துக்கோங்க, அதுக்கு பிறை பார்க்க வேண்டியதில்ல.

கேள்வி: ஐடி கம்பெனில வேலை. பதினோரு மணிக்கு டீம்ல எல்லாரும் டீ குடிக்க கூப்பிடுறாங்க, பொறந்தநாள் கேக் வெட்டுறாங்க. ரமலான் இல்லையே இப்ப என்ன நோன்புன்னு கேக்குறாங்க. சொன்னா முகஸ்துதி ஆயிடுமோன்னு பயமா இருக்கு. சொல்லாம இருக்க பொய் சொல்லலாமா?
– வாசகர், சென்னை

பொய் வேணாம் தம்பி. சாப்பிட கூப்பிட்டா, நோன்பா இருக்கிறவர் நான் நோன்புன்னு சொல்லட்டும்னு நபி (ஸல்) அவங்களே சொல்லிருக்காங்க, கேட்டதுக்கு பதில் சொல்றது முகஸ்துதி ஆகாது. நாமளா வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போட்டு, இன்னைக்கு என் நோன்புன்னு அறிவிக்கிறதுதான் யோசிக்க வேண்டிய விஷயம். நோன்பு எனக்குரியது, அதுக்கு நானே கூலி கொடுக்கிறேன்னு அல்லாஹ் சொல்றான். தண்ணி பாட்டில் கைக்கெட்டுற தூரத்துல இருந்தும் நீங்க குடிக்காம உக்கார்ந்திருக்கீங்கன்னு அந்த ஆபீஸ்ல யாருக்கு தெரியும்? உங்களுக்கும் ரப்புக்கும் நடுவுல இருக்கிற அந்த இடத்த கூட்டமா ஆக்கிடாதீங்க. மத்தபடி கேக் வெட்டுற இடத்துல சிரிச்ச முகமா நின்னு, உங்க பீஸ பக்கத்து சீட்டுக்காரருக்கு கொடுத்துட்டு வாங்க.

விருந்தாளி வந்து நீங்க சாப்பிடாம இருந்தா மனசு கஷ்டப்படுவாங்கன்னு தெரிஞ்சா சுன்னத்தான நோன்ப முறிக்கிறதுக்கும் வழி இருக்கு. வீட்டுக்கு வந்த ஸல்மான் (ரலி), நீங்க சாப்பிட்டாத்தான் நான் சாப்பிடுவேன்னு சொல்லி அபூதர்தா (ரலி) அவங்க நோன்ப முறிக்க வச்சாங்க, ஸல்மான் சொன்னது சரின்னு நபி (ஸல்) சொன்னாங்க. ஷாஃபிஈ மத்ஹப்ல (மார்க்கச் சட்ட வழியில) அப்படி முறிச்சா திருப்பி வைக்கிறது கட்டாயம் இல்ல, ஹனஃபி மத்ஹப்ல வைக்கணும்.

கேள்வி: எனக்கு ரமலான்ல விடுபட்ட கழா நோன்பு பாக்கி இருக்கு. அதை முடிக்காம மாசம் மூணு சுன்னத் நோன்பு பிடிக்கலாமா?
– வாசகி, அக்கரைப்பற்று

கடன் முதல்ல. ஆயிஷா (ரலி) அம்மா தன்னோட கழாவ அடுத்த ரமலானுக்கு முந்தின மாசமான ஷஃபான்ல வச்சு முடிச்சதா வருது, அதனால அவசரப்பட்டு பயப்பட வேணாம். ஆனா நல்ல வழி என்னன்னா, அந்த 13, 14, 15லயே கழா நிய்யத்தோட நோன்ப பிடிங்க, கடனும் கழியும், அந்த நாளோட நன்மையும் கிடைக்கும்னு ஷாஃபிஈ ஆலிம்கள் சிலர் சொல்றாங்க. கழாவுக்கு நிய்யத்த சுப்ஹுக்கு (விடிகாலை தொழுகை நேரத்துக்கு) முன்னாடியே வச்சிடணும். காலைல ஒன்னும் சாப்பிடாம இருந்துட்டு லுஹருக்கு (மதியத் தொழுகை நேரத்துக்கு) முன்னாடி நிய்யத் வைக்கிற சலுகை சுன்னத்தான நோன்புக்கு மட்டும்தான்.

கேள்வி: எங்க உம்மா வருஷக்கணக்கா இந்த மூணு நோன்ப விட்டதே இல்ல. இப்ப சுகர், ஊசி போடுறாங்க. டாக்டர் கூடாதுன்னு சொல்லிட்டார். உம்மா அழுறாங்க, ஒளிச்சு நோன்பு வைக்கப் பாக்குறாங்க.
– வாசகர், அதிராம்பட்டினம்

உம்மாவுக்கு என் ஸலாம் சொல்லுங்க. டாக்டர் பேச்ச கேக்க சொல்லுங்க, உடம்புக்கு உரிமை இருக்குன்னு மேல எழுதினது அவங்களுக்கும்தான். ஊசி போட்டுட்டு சாப்பிடாம இருந்தா சுகர் டக்குன்னு இறங்கி ஆபத்தாயிடும், அத எடுத்து சொல்லுங்க. ஒரு அடியான் நோயாளியாவோ பயணத்துலயோ இருந்தா, அவன் ஊர்ல சுகமா இருந்தப்ப செஞ்ச அமலோட நன்மை அப்படியே அவனுக்கு எழுதப்படும்னு புகாரியில ஒரு ஹதீஸ் இருக்கு, அத அவங்க பக்கத்துல உக்கார்ந்து வாசிச்சு காட்டுங்க, அவங்க விடாம வச்ச அத்தன வருஷத்துக்கும் பதில் அதுல இருக்கு. அப்புறம் அந்த மூணு நோன்ப இனி நீங்க வையுங்க. நோன்பாளிய நோன்பு திறக்க வச்சவருக்கு நோன்பாளியோட கூலி குறையாம அதே கூலி உண்டு, அதனால உங்களுக்கு மஃரிப் பாங்குக்கு பேரீச்சம்பழமும் தண்ணியும் உம்மா கையாலயே எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்க.