ரங்கூனில் எந்த நேரத்துக்கு எங்கே சாப்பிடுவது: கேள்வி பதில்

ரங்கூனில் பிறந்து, காளி கோயில் பக்கம் வளர்ந்து, இன்றும் இதே ஊரில் இருப்பவள் நான். யாங்கோன் என்று பெயர் மாறி எத்தனையோ வருஷமாகிவிட்டது, ஆனாலும் எங்கள் வீட்டில் ரங்கூன்தான். இந்தியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வரும் சொந்தக்காரர்களைச் சாப்பிட அழைத்துப் போவது இத்தனை வருஷமாக என் பொறுப்பு. சாப்பாடு பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (கோவை): மூன்று நாள் வருகிறோம். கட்டாயம் போக வேண்டிய ஐந்து கடைகளைச் சொல்லுங்கள்.

பெயர் வேண்டுமென்றால் தருகிறேன். பர்மியச் சோறு, குழம்புக்குப் பஹான் பக்கம் அவுங் துக்கா. ஷான் நூடுல்ஸுக்கு 34-ம் தெருவில் 999. டீக்கு 49-ம் தெருவில் லக்கி செவன். ஆனால் கடைப் பெயரை மட்டும் எழுதி வைத்துக்கொண்டு வருகிறவர்கள்தான் இங்கே பட்டினியாகத் திரும்புகிறார்கள். இந்த ஊரில் பெயரை விட நேரம் முக்கியம். மொகிங்கா விடிகாலைச் சாப்பாடு. நல்ல கடையில் ஒன்பது, ஒன்பதரைக்குள் அண்டா காலி. சோறு, குழம்புக்குப் பதினொன்றரை மணிக்குப் போனால் எல்லாச் சட்டியும் நிறைந்திருக்கும், மூன்று மணிக்குப் போனால் மிச்சம்தான் கிடைக்கும்.

ஓட்டலில் காலையில் ரொட்டியும் முட்டையும் வைத்திருப்பார்கள். ஒரு நாளாவது அதை விட்டுவிட்டு ஆறரை மணிக்குத் தெருவில் இறங்குங்கள். எங்கள் தெருமுனையில் ஓர் அக்கா மொகிங்கா விற்கிறார். மெல்லிய அரிசி நூடுல்ஸைக் கையால் ஒரு பிடி எடுத்துக் கிண்ணத்தில் போடுவார். கொதிக்கிற குழம்பை அதன்மேல் ஊற்றி, கரண்டியால் நூடுல்ஸை அழுத்திப் பிடித்துக்கொண்டு, குழம்பை மட்டும் திரும்ப அண்டாவிலேயே வடித்துவிடுவார். ஆறின நூடுல்ஸ் சூடாவதற்காக இது. அதற்கப்புறம் ஊற்றுவதுதான் நாம் சாப்பிடும் குழம்பு. அவித்த வாத்து முட்டை ஒன்று, மேலே பேஜோ என்னும் மொறுமொறுப்பான பருப்பு வடையைக் கத்தரிக்கோலால் நறுக்கிப் போடுவார். கொத்தமல்லி, வறுத்த மிளகாய்த் தூள், எலுமிச்சை எல்லாம் நம் கையில். குழம்பில் கெளுத்தி மீன், எலுமிச்சைப்புல், இஞ்சி, பூண்டு, மஞ்சள் இருக்கும். திக்காவதற்குக் கடலை மாவோ வறுத்த அரிசி மாவோ சேர்ப்பார்கள். உள்ளே வட்டம் வட்டமாக இளம் வாழைத்தண்டு. அந்தக் குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து இதைச் சாப்பிடாமல் ரங்கூனைப் பார்த்துவிட்டேன் என்று யாரும் சொல்லாதீர்கள்.

மதியக் கடையில் குழம்பை விரலால் காட்டினால் போதும். நீங்கள் கொடுக்கும் காசு குழம்புக்குத்தான். சோறு, சூப், ஒரு தட்டு காய்கறி, கீரை, தொட்டுக்கொள்ள ஙப்பி என்னும் மீன் விழுது எல்லாம் அதில் சேர்த்தி. குழம்பின் மேல் எண்ணெய் மிதப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். இங்கே அதை 'சீ பியான்' என்பார்கள், எண்ணெய் திரும்பி வருவது என்று பொருள். 'எண்ணெய் பிரிஞ்சு வரணும்' என்று நம் வீட்டில் சொல்வதேதான். எண்ணெய் ஆகாதவர்கள் சட்டியின் அடியிலிருந்து எடுத்துத் தரச் சொல்லலாம், தருவார்கள்.

கேள்வி (சிங்கப்பூர்): நாங்கள் சுத்த சைவம். சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும், கேட்கிற விதத்தில் கேட்டால். 'இறைச்சி வேண்டாம்' என்று சொன்னால் மீன் வரும். மீனும் வேண்டாம் என்றால் காய்கறிதான் வரும், ஆனால் அதன்மேல் காய்ந்த இறால் தூளைத் தூவி எடுத்து வருவார்கள். அவர்கள் ஏமாற்றவில்லை. நமக்குப் பெருங்காயம் போல அவர்களுக்கு அது, இறால் என்ற நினைப்பே இருக்காது. ஙப்பி இன்னொன்று: மீனையோ இறாலையோ உப்பிட்டு ஊறவைத்து இடித்த விழுது. பாதிக் குழம்பில் அது இருக்கும்.

ஆகவே ஒரே ஒரு சொல்லை மனப்பாடம் செய்துகொண்டு வாருங்கள்: 'தெத் தத் லு'. தெத் என்றால் உயிர், தத் என்றால் கொல்வது, லு என்றால் நீங்கியது. கொல்லாமை என்று நாம் சொல்வதுதான். பௌத்தர்களின் மழைக்கால விரத மாதங்களில் பர்மியர்களே பலர் இப்படிச் சாப்பிடுவதால், இந்தச் சொல்லைக் கேட்டவுடன் புரிந்துகொள்வார்கள். கடைப் பலகையிலும் இதே சொல் இருக்கும்.

அப்புறம் ஷான் தோஃபு. அது சோயாவில் செய்வதல்ல, கடலை மாவைக் கிண்டி உறையவைப்பது. உறைவதற்கு முன் கூழாகச் சூடாக நூடுல்ஸ் மேல் ஊற்றித் தருவதும் உண்டு, குளிர்காலக் காலையில் அதற்கு ஈடு இல்லை. அங்கேயும் 'தெத் தத் லு' சொல்ல மறக்காதீர்கள். தோசைக்கு அனோரதா சாலை. 1871-ல் தமிழர்கள் கட்டிய காளி கோயிலைச் சுற்றி நடந்தாலே மணம் வரும். பர்மியர்கள் அதை 'தோஷே' என்பார்கள். அவித்த பட்டாணியும் முட்டைக்கோஸும் வைத்து மடித்துத் தருவது இந்த ஊர் வழக்கம்.

கேள்வி (மதுரை): டீ எப்படிக் கேட்பது? ஒரே பாலாகக் கொண்டுவந்தார்கள்.

டின் பால் சேர்த்த டீ அது, அப்படித்தான் இருக்கும். இனிப்பும் பாலும் தூக்கலாக வேண்டுமென்றால் 'ச்சோ செய்ன்'. கடுப்பமாகவும் பாலாகவும் என்றால் 'ச்சா செய்ன்'. இனிப்புக் குறைவாகக் கடுப்பமாக என்றால் 'போ ச்சா', மதுரைக்காரருக்கு இதுதான் சரி. மேஜையில் பிளாஸ்க்கில் இருக்கும் வெறும் தேத்தண்ணீருக்குக் காசில்லை. பலகாரத் தட்டுகளைக் கேட்காமலே கொண்டுவந்து வைப்பார்கள். சாப்பிட்டதற்கு மட்டும் கணக்கு, தொடாததைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள்.

கேள்வி (காயல்பட்டினம்): ஹலால் கடைகளை எப்படிக் கண்டுபிடிப்பது?

பலகையில் 786 என்ற எண்ணைப் பாருங்கள், இங்கே முஸ்லிம் கடைகளின் அடையாளம் அதுதான். சாப்பிட வேண்டியது டான்பாவ், நம் பிரியாணியின் பர்மிய உறவு. 'தம் புக்த்' என்ற பாரசீகச் சொல்தான் இங்கே டான்பாவ் ஆனது. அனோரதா சாலையில் நிலார் பிரியாணிக் கடைக்கு மதியம் பன்னிரண்டுக்குள் போங்கள். சூலியா ஜும்மா பள்ளிவாசலும் நகர மையத்திலேயே இருக்கிறது. உங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து வணிகத்துக்கு வந்த மரைக்காயர்களைப் பற்றிக் கேட்டால் அங்கே பேச ஆள் கிடைப்பார்கள்.

கேள்வி (ஈப்போ): சைவம் கிடைக்குமா?

சிங்கப்பூர்க்காரருக்கு மேலே எழுதியிருக்கிறேன். 'தெத் தத் லு'.

கேள்வி (சேலம்): இப்போது அந்த நாட்டுக்கு வருவது பாதுகாப்பா? விசா எப்படி?

இரண்டையும் தூதரகத்தில் கேளுங்கள். இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், சாப்பாட்டுக்காரியை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

கேள்வி (சென்னை): பாரிமுனையில் பர்மா அத்தோ என்னும் நூடுல்ஸ் சாப்பிட்டே வளர்ந்தவன் நான். அதன் அசல் ரங்கூனில் எந்தக் கடையில் கிடைக்கும்?

எந்தக் கடையிலும் கிடைக்காது. 'அத்தோ' என்பது ஒரு பண்டத்தின் பெயரல்ல, கையால் கலந்து பிசைந்தது எதுவும் அத்தோதான். தெருக்கடையில் போய் 'அத்தோ' என்று மட்டும் சொன்னால் 'எது தோ?' என்று கேட்பார்கள். இஞ்சி தோ, தக்காளி தோ, சமோசா தோ, தேயிலை தோ என்று வரிசையாக இருக்கிறது. நீங்கள் நினைப்பதற்குப் பக்கத்தில் வருவது காவ்ஸ்வே தோ. நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், பூண்டு எண்ணெய், வறுத்த கடலை மாவு, மீன் சாறு, இறால் தூள்.

அதே சென்னை அன்பர்: அதைப் போன வருஷம் அங்கேயே சாப்பிட்டேன். ஆரஞ்சு நிறமில்லை, காரமில்லை. 60-களில் வந்தவர்கள் கொண்டுவந்த பழைய பர்மா ருசி எங்கள் சென்னையில்தான் இருக்கிறது. ரங்கூனில்தான் மாறிவிட்டது.

இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1964-ல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு கப்பலேறியவர்களில் என் பெரியப்பாவும் ஒருவர். சென்னையில் தள்ளுவண்டி போட்டு அத்தோ விற்றுத்தான் நான்கு பிள்ளைகளை ஆளாக்கினார். அவர் வாயால் சொல்லி நான் கேட்டது இது: இறால் தூள் போட்டால் வருகிறவர்களில் பாதிப் பேர் தொடுவதில்லை, மீன் சாறு கைக்குக் கிடைப்பதில்லை. உப்பும் புளிப்பும் வேண்டுமே என்று புளித்தண்ணீரைக் கூட்டினார். காரம் கேட்டார்கள், மிளகாயைக் கூட்டினார். பார்த்தவுடன் ஆட்களை இழுக்கட்டும் என்று நூடுல்ஸுக்குக் கலர் சேர்த்தார். மாற்றியவரே மாற்றினேன் என்று சொல்லும்போது அதைப் பழைய பர்மா ருசி என்று நான் எப்படிச் சொல்வேன்?

மோரேயிலிருந்து ஒருவர்: நாங்கள் இங்கே போடும் மொகிங்காவில் மீன் உண்டு. சென்னையில் வெறும் வாழைத்தண்டு சூப்பையே மொகிங்கா என்று கொடுத்தார்கள். அவருக்கு இதையும் சொல்லுங்கள்.

சொல்லிவிட்டேன். ஆனால் உங்கள் ஊர் கதை வேறு. சென்னைக்கு வந்தும் மனம் ஒட்டாமல் பர்மாவுக்கே திரும்பப் புறப்பட்டு, எல்லையில் தடுக்கப்பட்டு, மணிப்பூரின் அந்த ஓரத்திலேயே தங்கிவிட்டவர்கள் உங்கள் பெரியவர்கள். எல்லைக்கு எதிரே பர்மாவின் தாமு. ஙப்பியும் மீன் சாறும் உங்களுக்குக் கையெட்டும் தூரம். வியாசர்பாடியில் குடியேறியவர்களுக்கு அது எட்டவில்லை.

மறுபடி சென்னை அன்பர்: அப்படியானால் எங்களுடையது போலி என்கிறீர்கள்.

ஐயா, அந்தச் சொல்லை நான் எழுதவே இல்லை. என் பெரியப்பாவின் உழைப்பைப் போலி என்று நான் சொல்வேனா? சென்னை அத்தோ சென்னையின் பண்டம், பாரிமுனையில் நின்று சாப்பிட வேண்டியது. அவித்த முட்டையைப் பிளந்து உள்ளே வறுத்த வெங்காயமும் பூண்டும் புளித்தண்ணீரும் வைத்து ஒரே வாயில் போடச் சொல்வார்களே, அதை நான் முதலில் பார்த்ததே உங்கள் ஊரில்தான். இப்போது என் வீட்டில் மாதம் இரண்டு தரம் செய்கிறோம். நான் சொல்வது ஒன்றுதான்: சென்னை ருசியைத் தேடி ரங்கூனில் ஒரு சாயங்காலத்தை வீணாக்காதீர்கள். இங்கே இருப்பதை இருக்கிறபடி சாப்பிடுங்கள். ஒரு காவ்ஸ்வே தோவுக்கு மிளகாய்த் தூளை நீங்களே கூட்டிப் போட்டு, எலுமிச்சையை நன்றாகப் பிழிந்து, இன்னொரு தரம் முயன்று பாருங்கள்.

அத்தோ பற்றி இன்னும் ஏழெட்டுக் கேள்விகள் வந்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் பதில் மேலே இருக்கிறது.

கேள்வி (காரைக்குடி): தாத்தா பர்மாவில் கொண்டுவிற்கப் போனவர். எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் கவுனி அரிசி செய்வோம். அது அங்கிருந்து வந்தது என்பது உண்மையா?

உண்மைதான் ஆச்சி. நகரத்தார் இங்கிருந்து எடுத்துப் போனதுதான் அந்தக் கறுப்பு ஒட்டரிசி. 'காவ் ஹ்ன்யின்' என்றால் பர்மிய மொழியில் ஒட்டும் அரிசி, அந்தச் சொல்லின் சாயல் கவுனியில் அப்படியே இருக்கிறது. நீங்கள் சர்க்கரையும் தேங்காயும் சேர்த்து இனிப்பாக்குகிறீர்கள். இங்கே விடிகாலையில் ஒரு பெண் தலையில் தட்டோடு வருவார். ஆவியில் வேகவைத்த ஒட்டரிசி, மேலே அவித்த பட்டாணி, எள்ளும் உப்பும் இடித்த பொடி, ஒரு கை தேங்காய்த் துருவல், எல்லாம் வாழையிலைத் துண்டில். ஏழு மணிக்குள் தெருவில் இருங்கள். உங்கள் தாத்தா காலையில் கடை திறக்கும்முன் சாப்பிட்டதும் இதுவாக இருந்திருக்கலாம்.

கேள்வி (சூரத்திலிருந்து ஒரு தமிழர்): நாங்கள் வெங்காயம், பூண்டும் சேர்ப்பதில்லை. சைவம் கிடைக்குமா?

உங்கள் நிலை உண்மையிலேயே கஷ்டம். 'தெத் தத் லு' சமையலிலும் பூண்டு உண்டு. ஆச்சிக்குச் சொன்ன ஒட்டரிசி, பழங்கள், இளநீர். மீதிக்கு அறையில் சமைத்துக்கொள்ள வசதியுள்ள இடமாகப் பாருங்கள்.

கேள்வி (பினாங்கு): ராத்திரி எங்கே போகலாம்?

சைனா டவுனில் 19-ம் தெரு. குச்சியில் கோத்து அடுக்கியிருப்பதைக் கூடையில் எடுத்துக் கொடுத்தால் சுட்டுத் தருவார்கள். வெண்டைக்காய், காளான், காடை முட்டை, முழு மீன். பன்றி இறைச்சி சுடும் அதே அடுப்பு, அதே தூரிகை. சைவக்காரர்கள், ஹலால் பார்ப்பவர்கள் இதை மனதில் வையுங்கள்.

கேள்வி (ஓசூர், ஒரு தாய்): என் மகனுக்கு நிலக்கடலை ஒவ்வாமை. சமாளிக்க முடியுமா?

அம்மா, உங்களுக்கு மட்டும் வேறு மாதிரி சொல்கிறேன். தெருச் சாப்பாட்டை அவனுக்குக் கொடுக்கவே வேண்டாம். இங்கே நிலக்கடலை எண்ணெயில்தான் பெரும்பாலும் சமைக்கிறார்கள். தோ வகைகளில் பொடித்த கடலையைத் தூவுகிறார்கள், அதே கை அடுத்த கிண்ணத்துக்கும் போகிறது. 'போடாதே' என்று சொன்னால் தூவமாட்டார்கள், ஆனால் எண்ணெய் போகாது. அவனுடைய மருந்தைக் கையிலேயே வைத்திருங்கள், நீங்கள் சமைத்ததையே கொடுங்கள். மற்றவர்கள் என்ன சொன்னாலும் இதில் இறங்கிவராதீர்கள்.

கேள்வி (திருச்சி): சைவத்துக்கு நல்ல கடை இருந்தால்...

சிங்கப்பூர் கேள்வியைப் பாருங்கள் தம்பி. இறால் தூள் எச்சரிக்கையையும் சேர்த்துப் படியுங்கள்.

கேள்வி (யாழ்ப்பாணம்): லப்பெ வாங்கிப் போக வேண்டும். எப்படிப் பார்த்து வாங்குவது?

ஊறவைத்த தேயிலை ஒரு பை, வறுத்த பருப்பும் எள்ளும் பூண்டும் தனிப் பை, இப்படிச் சேர்த்து முத்திரையிட்டு விற்பதை வாங்குங்கள். உதிரியாக வாங்குவதானால் தேயிலை மங்கின ஆலிவ் நிறத்தில் இருக்க வேண்டும். பளபளவென்று பச்சையாகவோ மஞ்சளாகவோ இருந்தால் தொடாதீர்கள். 2009-ல் ஆரமைன் என்ற துணிச்சாயம் கலந்திருந்ததால் பல பிராண்டுகளை இங்குள்ள அரசே தடை செய்தது. பிசையும்போது தக்காளி, முட்டைக்கோஸ், எலுமிச்சை, பச்சை மிளகாய் சேருங்கள். மதியத்தில் சாப்பிடுங்கள். தேயிலையையே மென்று விழுங்குகிறோம், ராத்திரியில் சாப்பிட்டால் இரண்டு மணி வரை கண் மூடாது.