காலையில் கிளம்பி வெளிச்சத்திலேயே போய்ச் சேர: நெடுஞ்சாலைப் பயணக் கேள்வி பதில்

ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு, ஒரே நாளில், சொந்த வண்டியில் போவது பற்றி வந்த கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறேன். நீண்ட தூரம் ஓட்டுவதும், புதிதாக ஓட்டுபவர்களுக்குச் சொல்லித்தருவதும்தான் என் வேலை. ஒரு விஷயம் பல பதில்களில் திரும்பத் திரும்ப வரும்: பயணத்தைக் கிலோமீட்டரை வைத்துத் திட்டமிடாதீர்கள், ஓட்டுபவர் எவ்வளவு நேரம் விழிப்பாக இருப்பார் என்பதை வைத்துத் திட்டமிடுங்கள்.

கேள்வி: சார், 400 கிலோமீட்டர் தூரம். மேப்பில் 5 மணி 40 நிமிடம் காட்டுகிறது. காலை 10 மணிக்குக் கிளம்பினால் மாலை 4 மணிக்குள் போய்விடலாம்தானே?

போக முடியாது. மேப் காட்டுவது வண்டி ஓடும் நேரத்தை மட்டும்தான். நீங்கள் இறங்கி நிற்கும் நேரம் அதில் இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை 15 நிமிட நிறுத்தம் வேண்டும். அப்படி இரண்டு நிறுத்தம், சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம், எரிபொருள் போட 10 நிமிடம் என்று வைத்துக்கொண்டாலே ஒன்றரை மணி நேரம் கூடிவிடுகிறது. ஆக ஏழு மணி நேரத்துக்கு மேல். வண்டியில் இரண்டு பேருக்கு மேல் இருந்தால் இன்னும் அரை மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை 10 மணி என்ற நேரம்தான். மனித உடம்புக்கு ஒரு நாளில் இரண்டு தூக்க நேரங்கள் உண்டு. ஒன்று நள்ளிரவுக்குப் பிறகு விடியும் வரை, இன்னொன்று பிற்பகல் 2 முதல் 4 வரை. நீங்கள் சொல்கிற நேரத்தில் கிளம்பினால், களைத்துப்போன கடைசிப் பகுதி சரியாக அந்தப் பிற்பகல் மந்தத்தில் வந்து விழும். அதனால் கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். போய்ச் சேரும் இடத்தில் சூரியன் மறைவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு, இதுதான் கடைசி எல்லை. அதிலிருந்து மொத்தப் பயண நேரத்தைக் கழித்தால் கிளம்ப வேண்டிய கடைசி நேரம் கிடைக்கும். அதற்கும் முன்னதாகவே, காலை 6 மணிக்கே கிளம்ப முடிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அதற்காக 3 மணிக்கு எழுந்து விடாதீர்கள். முந்தைய இரவு ஏழெட்டு மணி நேரத் தூக்கம் கிடைக்கிற மாதிரி சீக்கிரம் படுத்துவிடுங்கள்.

அப்புறம், எந்தத் திசையில் போகிறீர்கள் என்பதையும் பாருங்கள். மாலையில் மேற்கு நோக்கி ஓட்டினால் தாழ்ந்த சூரியன் நேராகக் கண்ணில் அடிக்கும். காலையில் கிழக்கு நோக்கிப் போனாலும் அதேதான். கண்ணாடியின் உட்புறத்தைத் துடைத்து வைத்தால் கூச்சம் நிறையக் குறையும். வெளிப்புறத்தை எல்லோரும் துடைக்கிறோம், உட்புறத்தை மறந்துவிடுகிறோம்.

கேள்வி: ஒரு வழி 250 கிலோமீட்டர், நாலு மணி நேரம். அங்கே மூன்று மணி நேர வேலை. அன்றே திரும்பிவிடலாமா அண்ணா? நான் ஒருவன்தான் ஓட்டுவேன்.

தம்பி, 8 மணி நேர ஓட்டம், 3 மணி நேர வேலை, நிறுத்தங்கள் எல்லாம் சேர்த்தால் பன்னிரண்டரை மணி நேரத்துக்குக் குறையாது. காலை 5 மணிக்கு எழுந்தவர், கிளம்புவதோ வேலையோ தாமதமாகி இரவு 10 மணியைத் தொட்டால், அப்போது 17 மணி நேரம் விழித்திருக்கிறார். அந்த நிலையில் கவனமும் கைகால் வேகமும், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்குக் குறைந்துவிடுகின்றன என்று 1990களிலேயே ஆய்வுகள் காட்டிவிட்டன. குடித்துவிட்டு ஓட்டுவதற்குப் பல நாடுகள் வைத்திருக்கும் சட்ட எல்லையே அதுதான். ஒரு சொட்டுக் குடிக்காமலே அங்கே போய் நிற்கிறீர்கள்.

மாற்றி ஓட்ட ஒருவர் கூட வந்தால் போய் வரலாம். தனியாக என்றால் அங்கேயே தங்கிவிட்டு மறுநாள் காலை கிளம்புங்கள். தங்கவே முடியாது என்றால் பேருந்தோ ரயிலோ பாருங்கள். "பார்த்துப் போய்ட்டு வா" என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கேள்வி: 100க்குப் பதிலாக 120ல் போனால் நேரம் நன்றாக மிச்சமாகும் என்கிறார் என் நண்பர். உண்மையா?

300 கிலோமீட்டருக்கு அரை மணி நேரம். அதுவும் சாலை முழுக்கக் காலியாக இருந்து, ஒரு நொடிகூட வேகம் குறையாமல் போனால்தான். நடைமுறையில் லாரிக்குப் பின்னாலும் சுங்கச்சாவடியிலும் அதில் பாதி போய்விடும். அதற்குக் கொடுக்கிற விலை என்ன? காற்றின் எதிர்ப்பும் பிரேக் பிடித்து நிற்கத் தேவைப்படும் தூரமும் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப, அதாவது வேகத்தை அதே வேகத்தால் பெருக்கிய கணக்கில், ஏறுகின்றன. வேகம் 20 சதவீதம் கூடினால் இரண்டுமே 44 சதவீதம் கூடும். பல சாலைகளில் 120 என்பது சட்ட வரம்பையும் தாண்டியது. நேரம் மிச்சமாக வேண்டுமென்றால் அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்பச் சொல்லுங்கள்.

கேள்வி: ஓட்டும்போது தூக்கம் வந்தால் சத்தமாகப் பாட்டு வைப்பேன், ஜன்னலைத் திறப்பேன், முகம் கழுவுவேன். வேறு என்ன செய்யலாம்?

நீங்கள் சொன்ன மூன்றும் சில நிமிடங்கள்தான் தாங்கும். தூக்கம் போன மாதிரி தோன்றும், ஆனால் மூளை அதே களைப்பில்தான் இருக்கும். இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நெடுஞ்சாலையில் எனக்கு உண்மையான பயம் இது ஒன்றில்தான்.

களைத்த மூளை சில நொடிகள் தானாகவே அணைந்து எரியும். கண் திறந்திருந்தாலும் எதுவும் பதியாது. 100 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 28 மீட்டர் போகிறது. நாலு நொடி என்றால் 110 மீட்டர், ஓட்டுபவர் இல்லாமல். தூங்குபவர் பிரேக் பிடிப்பதில்லை என்பதால் மோதலும் முழு வேகத்தில் நடக்கும்.

அறிகுறிகள் முன்னதாகவே வரும். கடைசியாகக் கடந்த சில கிலோமீட்டர் நினைவில் இல்லாமல் போவது. கோட்டை விட்டு வண்டி விலகி, திடுக்கிட்டுத் திருப்புவது. தொடர் கொட்டாவி. கண் எரிச்சல். வேகம் காரணமில்லாமல் கூடிக் குறைவது. இதில் ஒன்று வந்தாலே போதும், அடுத்து வரும் பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். சாலையோரத்தில் அல்ல, சாலையை விட்டு விலகிய, ஆள் நடமாட்டமும் வெளிச்சமும் உள்ள இடத்தில்.

நிறுத்தியதும் ஒரு காபி குடியுங்கள். குடித்தவுடனே சீட்டைச் சாய்த்து, 15 முதல் 20 நிமிடத்துக்கு அலாரம் வைத்துத் தூங்குங்கள். காபியில் உள்ள கஃபீன் வேலை செய்ய 20 முதல் 30 நிமிடம் ஆகும். நீங்கள் விழிக்கும்போது அதுவும் சேர்ந்து வரும். அரை மணி நேரத்துக்கு மேல் தூங்கினால் எழும்போது தலை கனமாக இருக்கும். அப்படியானால் இறங்கி நடந்து, தெளிந்த பிறகே எடுங்கள். இதெல்லாம் உங்களுக்கு இன்னும் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் வாங்கித்தரும், அவ்வளவுதான். ராத்தூக்கத்துக்கு ஈடாகாது.

ஏசியை உள்காற்றே சுற்றும்படி மணிக்கணக்கில் வைக்காதீர்கள். நாலைந்து பேர் மூச்சு விடும் அடைத்த வண்டியில் கரியமில வாயு ஏறி மந்தம் தட்டும். அவ்வப்போது வெளிக்காற்று உள்ளே வரும்படி மாற்றிவிடுங்கள்.

கேள்வி: கிளம்பும் முன் வண்டியில் எதைப் பார்ப்பது? மெக்கானிக் விஷயம் எதுவும் எனக்குத் தெரியாது.

முதலில் டயர். மீதியெல்லாம் அதற்குப் பிறகுதான்.

காற்றை வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும். ஓடிய டயரில் சூட்டினால் அழுத்தம் ஏறியிருக்கும், அதைப் பார்த்து அதிகம் என்று காற்றை இறக்கிவிடக் கூடாது. சரியான அளவு, ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரிலோ எரிபொருள் மூடியின் உட்புறத்திலோ இருக்கும். முழு ஆளும் சாமானும் ஏற்றினால் எவ்வளவு என்று பெரும்பாலும் அதில் தனியாகப் போட்டிருக்கும், அதைப் பின்பற்றுங்கள். டயரின் பக்கவாட்டில் பொறித்திருப்பது அது தாங்கும் அதிகபட்ச அளவு. அந்த அளவுக்கு நிரப்பக் கூடாது. காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்ந்து சூடேறுகிறது. நெடுஞ்சாலையில் டயர் வெடிக்க முக்கியமான காரணம் இதுதான்.

டயரின் மேற்பரப்பில் வெட்டியிருக்கும் பள்ளங்களின் ஆழத்தையும் பாருங்கள். பல நாடுகளில் சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் போதும், ஆனால் மழைக்காலம் என்றால் 3 மில்லிமீட்டருக்குக் கீழே வந்ததுமே மாற்றிவிடுவது நல்லது. பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. பார்க்கப் புதிதாக இருந்தாலும் பத்து வருடப் பழைய டயரோடு நீண்ட பயணம் வேண்டாம். ஸ்டெப்னியிலும் காற்றைப் பாருங்கள். அது மெலிந்த ரகமாக இருந்தால் பெரும்பாலும் 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்று அதிலேயே எழுதியிருக்கும்.

அடுத்து இன்ஜின் ஆயில், கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்), வைப்பர் தண்ணீர், எல்லா விளக்குகளும். கூலன்ட் மூடியை இன்ஜின் சூடாக இருக்கும்போது திறக்காதீர்கள், கொதிக்கும் நீர் பீறிட்டு அடிக்கும். பிரேக்கில் சத்தமோ, மிதிக்கும்போது அதிர்வோ இருந்தால் பயணத்துக்குச் சில நாள் முன்பே காட்டிவிடுங்கள். முந்தைய நாள் சர்வீஸுக்கு விட வேண்டாம். ஏதாவது சரியாகப் பூட்டாமல் இருந்தால் கண்டுபிடிக்க உங்களுக்கு நேரம் இருக்காது.

கேள்வி: ஆறு வயதுப் பையன். ஒரு மணி நேரத்தில் வாந்தி எடுத்துவிடுகிறான். என்ன செய்யலாம்?

2 முதல் 12 வயது வரை இது மிகவும் சாதாரணம். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு அசைகிறோம் என்கிறது, போனையோ புத்தகத்தையோ பார்க்கும் கண் அசையவில்லை என்கிறது. இந்த முரண்தான் குமட்டல். அதனால் திரையும் புத்தகமும் வேண்டாம், முன் கண்ணாடி வழியே தூரத்தில் பார்க்கிற மாதிரி பின்சீட்டில் அவனுடைய குழந்தை இருக்கையைப் பொருத்துங்கள். வெறும் வயிறும் கூடாது, வயிறு முட்டவும் கூடாது. வண்டிக்குள் வாசனைத் திரவியம் இருந்தால் எடுத்துவிடுங்கள். மாத்திரை என்றால் டாக்டரிடம் கேட்டு, கிளம்புவதற்கு முன்பே கொடுக்க வேண்டும். குமட்டல் தொடங்கிய பிறகு அவ்வளவாகப் பயன்படாது. அந்த மாத்திரைகள் பலவும் தூக்கம் தருபவை. ஓட்டுபவர் போட்டுக்கொள்ளவே கூடாது. சளி மாத்திரைக்கும் இது பொருந்தும்.

கேள்வி: மின்சாரக் கார். ஒரே சார்ஜில் 350 கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறது. 320 போக வேண்டும்.

ஒரே சார்ஜில் போக நினைக்காதீர்கள். நெடுஞ்சாலை வேகத்தில் போட்ட தூரம் கிடைக்காது, குளிரில் இன்னும் குறையும். முழு சார்ஜோடு கிளம்பி, பாதி வழியில் சாப்பாட்டு நேரத்தில் சார்ஜ் போடுங்கள். வேக சார்ஜரில் 80 சதவீதத்துக்கு மேல் ஏறுவது மிகவும் மெதுவாகும், அங்கே எடுத்துவிட்டுக் கிளம்பலாம். அந்த சார்ஜர் வேலை செய்யாவிட்டால் அடுத்தது எங்கே என்று முன்பே பார்த்து, அதுவரை போகும் அளவுக்கு பேட்டரியில் மிச்சம் வைத்துக்கொண்டு முதல் இடத்துக்குப் போய்ச் சேருங்கள்.

கேள்வி: "பெரிய லாரிகளை ஓவர்டேக் செய்யப் பயமாக இருக்கிறது அக்கா. ஓட்டிப் பழகிய வண்டிதான், ஆனால் நெடுஞ்சாலை புதிது" என்கிறாள் என் தங்கை. என்ன சொல்லிக்கொடுப்பது?

அந்தப் பயம் நல்லதுதான், அதை ஒழுங்காகப் பயன்படுத்தச் சொல்லுங்கள். லாரியின் பக்கக் கண்ணாடி உங்களுக்குத் தெரியவில்லை என்றால் அந்த ஓட்டுநருக்கு நீங்கள் தெரியவில்லை. அதனால் பின்னால் ஒட்டிக்கொள்ளாமல் இடைவெளி விட வேண்டும். முன்வண்டி ஒரு கம்பத்தைக் கடந்ததிலிருந்து நீங்கள் கடக்க இரண்டு நொடியாவது ஆக வேண்டும், மழையில் நாலு. ஓவர்டேக் செய்ய முடிவெடுத்தால் லாரிக்கு இணையாகத் தயங்கி நிற்காமல் கடந்து, அதன் முன்பகுதி முழுவதும் உள்கண்ணாடியில் தெரிந்த பிறகு கோட்டுக்குத் திரும்ப வேண்டும். எதிரே வண்டி வரும் இருவழிச் சாலையில் சந்தேகம் வந்தால் பின்னாலேயே போகலாம். அதனால் இழப்பது சில நிமிடம்தான்.

கேள்வி: மழை பிடித்துக்கொண்டால்?

வேகத்தைக் குறையுங்கள், வேகத்தைத் தானாக ஒரே அளவில் வைக்கும் க்ரூஸ் கன்ட்ரோல் இருந்தால் அதை அணையுங்கள். தேங்கிய நீரில் ஸ்டியரிங் திடீரென்று லேசானால் டயர் சாலையை விட்டு நீர்மேல் மிதக்கிறது என்று அர்த்தம். பிரேக்கை அழுத்தாமல், ஸ்டியரிங்கை வெட்டாமல், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்தால் பிடி திரும்ப வரும். ஓடும்போது டயர் வெடித்தாலும் கிட்டத்தட்ட இதேதான்: ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து நேராக விட்டு, வேகம் தானாகக் குறைந்த பிறகு ஓரம் கட்டுங்கள்.

கேள்வி: நடுவழியில் வண்டி நின்றுவிட்டால் உள்ளேயே உட்கார்ந்திருப்பதா?

கூடாது. முடிந்தவரை ஓரத்துக்குத் தள்ளி, ஹசார்ட் விளக்கைப் போட்டு, வண்டிகள் ஓடாத பக்கத்துக் கதவு வழியாக எல்லோரும் இறங்கி, தடுப்புக் கம்பிக்கு அப்பால் நில்லுங்கள். பாதுகாப்பாக நடக்க முடிந்தால் மட்டும் எச்சரிக்கை முக்கோணத்தை நன்றாகப் பின்னால் கொண்டுபோய் வையுங்கள். கிலோமீட்டர் கல்லின் எண்ணைப் பார்த்து உதவிக்குச் சொல்லுங்கள். வேக வண்டிகள் பாயும் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே டயர் மாற்ற வேண்டாம்.

கேள்வி: என் கணவர் ஸ்டியரிங்கைப் பிடித்தால் நிறுத்தவே மாட்டார். "இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்பார். எப்படிச் சொல்வது?

ஓடும்போது சொன்னால் அது வாக்குவாதமாகத்தான் முடியும். முந்தைய நாளே மேப்பை வைத்து உட்காருங்கள், எங்கெங்கே நிறுத்துவது என்று அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். தானே குறித்த இடத்தில் நிறுத்த யாரும் அவ்வளவு மறுப்பதில்லை. உங்களுக்கும் வேலை உண்டு. மேப், போன், பிள்ளைகள் எல்லாம் உங்கள் பொறுப்பு, முன்சீட்டில் தூங்கவும் கூடாது. அவர் பேச்சு குறைந்தால், பதில் தாமதமாக வந்தால், "எனக்குக் கழிப்பறை போக வேண்டும்" என்று சொல்லுங்கள். உடனே நிறுத்துவார்.

கேள்வி: எல்லாம் சரியாகத் திட்டமிட்டோம், ஆனால் கிளம்பவே மூன்று மணி நேரம் தாமதம். எங்கே ஈடுகட்டுவது?

ஈடுகட்ட வேண்டாம். வழியில் இறங்கிப் பார்க்க நினைத்த இடங்களைக் கைவிடுங்கள், ஓய்வு நிறுத்தங்களைத் தொடாதீர்கள். இருட்டில் ஒரு மணி நேரத்துக்குள் முடியும் என்றால், லோ பீம் (தாழ்த்திய முகப்பு விளக்கு) வெளிச்சம் எட்டும் தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகத்தில் போங்கள். அதற்கு மேல் என்றால் மறுநாள் காலைக்குத் தள்ளிவையுங்கள். எப்படியானாலும் வண்டியை எடுக்கும் முன்பே காத்திருப்பவர்களுக்குப் போன் செய்து, புது நேரத்தோடு ஒரு மணி நேரம் கூட்டிச் சொல்லிவிடுங்கள்.