சக்திமான் போரடிக்குதாம்!

கேள்வி: என் மகளுக்கு நாலு வயது. சின்ன வயதில் நான் உயிராகப் பார்த்த சூப்பர் ஹீரோ தொடர் சக்திமானை யூடியூபில் தேடி எடுத்து ஆசையாகப் போட்டுக் காட்டினேன். பத்து நிமிடம்கூட உட்காரவில்லை, "போர் அடிக்குதும்மா" என்று போனைப் பிடுங்கி, யாரோ பொம்மை டப்பா பிரிக்கிற வீடியோவுக்குப் போய்விட்டாள். அந்தக் காலத்து நிகழ்ச்சி மாதிரி இப்போது ஒன்றுமே இல்லை என்று நான் சொன்னால், வீட்டுக்காரர் "உனக்கு வயசாயிடுச்சு" என்று சிரிக்கிறார். யார் சொல்வது சரி?
- வாசகி, பல்லடம் பக்கம்

பதில்: கோவிச்சுக்காதீங்க அம்மிணி, உங்க வீட்டுக்காரர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது.

சக்திமான் 1997ல் தூர்தர்ஷனில் தொடங்கி 2005 வரை வந்தது. அன்றைக்கு அது இந்தியில் ஓடியது, நம்ம ஊர்ப் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேருக்கு ஒரு வார்த்தை புரியாது, பல்லடம் பக்கம் வேறு என்கிறீர்கள், பக்கத்து அறையில் தறி ஓடிக்கொண்டிருந்தால் அந்த இந்தியும் அரைகுறையாகத்தான் காதில் விழுந்திருக்கும். அப்புறம் எப்படிக் கதை தெரிந்தது? நீங்களே கட்டிக்கொண்டதுதான். சக்திமானே வேஷம் மாற்றி, பல்லை நீட்டிக்கொண்டு கண்ணாடி போட்டு வருகிற கங்காதர் ஏன் திட்டு வாங்குகிறார், வில்லன் கில்விஷ் எதற்குக் கத்துகிறான் என்று ஆளுக்கொரு கதை வைத்துக்கொண்டு, திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் அதற்கு ஒரு சண்டையும் போட்டிருப்பீர்கள். இப்போது பார்த்தால் கிராபிக்ஸ் சிரிப்பாக இருக்கிறது, ஒரு சண்டை முடிவதற்குள் ஒரு காபி குடித்துவிடலாம். சக்திமான் வந்து காப்பாற்றுவார் என்று நம்பிப் பிள்ளைகள் ஆபத்தான காரியங்களில் இறங்கி அடிபடுகிறார்கள் என்று அப்போதே சர்ச்சை வந்தது, அதையும் மறந்துவிட வேண்டாம்.

இப்போது ஒன்றுமே இல்லை என்பதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2007ல் சுட்டி டிவி வந்த பிறகு தமிழ் பேசிய டோராவைப் பாருங்கள், ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பிள்ளை பதில் சொல்லட்டும் என்று கொஞ்ச நேரம் சும்மா நிற்கும், நம் வீட்டுப் பெரியவர்களுக்கே அந்தப் பொறுமை கிடையாது. ஆஸ்திரேலியாவில் 2018ல் தொடங்கிய ப்ளூயி இன்னொன்று, நாய்க் குடும்பத்துக் கதை, ஏழு நிமிடத்தில் அப்பாவும் பிள்ளைகளும் வீட்டுக்குள் ஏதாவது விளையாடி முடித்துவிடுவார்கள். எனக்கு அது சக்திமானைவிடப் பிடிக்கும், சொன்னால் அடிக்க வருவீர்கள்.

ஆனால் உங்கள் மகள் போனது அதற்கெல்லாம் இல்லையே. டப்பா பிரிக்கிற வீடியோ, அங்கேதான் நான் உங்கள் பக்கம். அதில் கதை கிடையாது, முடிவும் கிடையாது, ஒரு டப்பா முடிவதற்குள் அடுத்தது தானாக வந்து நிற்கும். சக்திமான் குறித்த நேரத்தில் முடிந்துவிடும், அதற்கு மேல் வேண்டுமென்றால் அடுத்த வாரம்தான். எது நல்லது, எது குப்பை என்று தெரிய ஒரு வழி சொல்கிறேன். பார்த்து முடித்ததும் "என்ன சாமி பார்த்தே?" என்று கேளுங்கள். "அந்தக் குட்டி ஒளிஞ்சுக்குச்சு, அப்பா தேடுனாங்க, அப்புறம்..." என்று இழுத்து இழுத்துச் சொன்னால் அந்த நிகழ்ச்சி இருக்கட்டும். "பொம்மை. அப்புறம் இன்னொரு பொம்மை" என்றால் நிறுத்திவிடுங்கள்.

போனைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்கிற நேரத்துக்கு யூடியூப் கிட்ஸ் போட்டு, அடுத்த வீடியோ தானாக ஓடுவதை நிறுத்தி வையுங்கள், அதிலேயே டைமரும் இருக்கிறது. இந்த வயதுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனமே 2019ல் சொல்லியிருக்கிறது. சோறு ஊட்ட போன் கொடுக்கிற பழக்கம் இருந்தால் அதிலிருந்தே தொடங்குங்கள்.

சக்திமானை இப்போதைக்கு விடுங்கள். வேண்டுமானால் சோறு ஊட்டும்போது கங்காதர் மாதிரி பல்லை நீட்டிப் பேசிக் காட்டுங்கள், அவளாகவே "அதைப் போடும்மா" என்றால் போடலாம். அன்றைக்கு வீட்டுக்காரரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள், அவர் மட்டும் அந்தக் காலத்தில் பார்க்காமலா இருந்திருப்பார்?