விலை கொடுத்து வாங்கிய ஸ்பெஷாலிட்டி காபி வீட்டு பில்டரில் ஏன் புளிக்கிறது?

கேள்வி: 250 கிராம் ஸ்பெஷாலிட்டி காபிப் பொடி 650 ரூபாய்க்கு வாங்கினேன். வீட்டில் இருக்கும் எவர்சில்வர் பில்டரில் போட்டால் இரண்டே நிமிடத்தில் டிகாக்‌ஷன் தண்ணீராக இறங்கிவிடுகிறது. பால் சேர்த்தால் ஒரே புளிப்பு. ஏமாந்துவிட்டேனா, இல்லை எனக்குத்தான் போடத் தெரியவில்லையா?

பதில்:

இரண்டும் இல்லை. முதலில் அந்த பாக்கெட்டைத் திருப்பி, எந்த அரைப்பு என்று அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். வெறுமனே 'பில்டர்' என்றிருந்தால் பாதி விடை அங்கேயே இருக்கிறது. நமக்கு பில்டர் என்றால் மேலும் கீழுமாக இரண்டு பாத்திரம். ஸ்பெஷாலிட்டி காபி (ருசி பார்த்து மதிப்பெண் போட்டுத் தேர்ந்த உயர்தரக் காபி) விற்பவர்களுக்கு பில்டர் என்றால் காகித வடிகட்டி போட்டு மேலிருந்து வெந்நீர் ஊற்றும் புனல். அதற்கு அரைப்பது ரவை மாதிரி கொரகொரப்பாக இருக்கும். நம் பில்டருக்கு வேண்டியதைப் பெரும்பாலும் 'சவுத் இந்தியன் பில்டர்' என்று தனியாகப் போட்டிருப்பார்கள். ஆர்டர் போடும் அவசரத்தில் பலரும் தவறுவது இங்கேதான். பொடியை விரலிடையில் தேய்த்துப் பாருங்கள். ரவை போல உருண்டால் புனல் அரைப்பு. தூள் உப்பைவிடக் கொஞ்சம் நைசாக, விரலில் லேசாக ஒட்டினால்தான் நம் பில்டருக்கு ஆகும்.

அரைப்பு சரியாகவே இருந்தாலும் டிகாக்‌ஷன் வேகமாக இறங்கத்தான் செய்யும். அதற்குக் காரணம் சிக்கரி இல்லாதது. சிக்கரி என்றாலே கலப்படம் என்று சொல்லும் கட்சியில் நான் இல்லை, அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். வறுத்த சிக்கரி வேர் தண்ணீர் பட்டதும் ஊறி மெத்தென்று ஆகி, பொடிக்கு நடுவே இருக்கும் இடைவெளியை அடைக்கும். நிறத்தையும் கெட்டித்தன்மையையும் சீக்கிரம் விடும். காபியைவிட அதில் நீரில் கரையும் பகுதி மிக அதிகம். நம் வீட்டு பில்டரில் கால் மணி நேரம் சொட்டுச் சொட்டாக இறங்கிய அந்த நிதானத்தில் பெரும்பங்கு சிக்கரியுடையது. 80 பங்கு காபிக்கு 20 பங்கு சிக்கரி கலந்த பொடிக்குப் பழகிய கை, அதே அளவையும் அதே தண்ணீரையும் சிக்கரி இல்லாத பொடிக்குப் பயன்படுத்தினால் தண்ணீர் ஓடித்தான் போகும்.

மூன்றாவது காரணம் வறுவல். கடையில் அரைத்துத் தரும் கொட்டை பெரும்பாலும் நன்கு கருக வறுத்தது, உள்ளே பொறபொறவென்று இருக்கும், சுமாரான சூட்டிலும் சாரத்தை விட்டுவிடும். ஸ்பெஷாலிட்டி கொட்டை இளவறுவலாக இருந்தால் கல் மாதிரி இறுகியிருக்கும். ஒரு கொட்டையை விரலிடையில் வைத்து நசுக்கிப் பாருங்கள், கரு வறுவல் நொறுங்கிவிடும், இளவறுவல் மசியாது. அதற்குள் வெந்நீர் புகுந்து வெளியே வர நேரமும் சூடும் வேண்டும். காபியிலிருந்து முதலில் கரைந்து வருவது புளிப்பும் உப்பும், அடுத்தது இனிப்பு, கடைசியில் கசப்பு. தண்ணீர் பாதியிலேயே ஓடிவிட்டால் டம்ளருக்கு வருவது முதல் பகுதி மட்டும். நீங்கள் சொல்லும் புளிப்பு அதுதான்.

நல்ல புளிப்பும் உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். கமலா ஆரஞ்சு வாயில் வைத்ததும் புளித்து, விழுங்கும்போது இனிக்கும் இல்லையா, நன்றாக இறங்கிய காபியின் புளிப்பு அப்படி இருக்கும். சரியாக இறங்காத காபி புளியம்பிஞ்சு கடித்த மாதிரி நாக்கின் ஓரத்தைச் சுருக்கும், பின்னால் இனிப்பே வராது, லேசாக உப்புக் கரிக்கும்.

இனி செய்ய வேண்டியது. கறுப்பாகக் குடிக்கிறவர் என்றால் 15 கிராம் பொடி, 240 மில்லி தண்ணீர். சமையலறைத் தராசு கட்டாயம் வேண்டும், ஸ்பூன் கணக்கு உதவாது. ஒரே ஸ்பூனில் இளவறுவல் பொடியும் கரு வறுவல் பொடியும் வெவ்வேறு எடை நிற்கும். பில்டரின் இரண்டு பாத்திரத்தையும் கொதிநீர் ஊற்றிக் கழுவிச் சூடேற்றுங்கள். மெல்லிய எவர்சில்வர் சில்லென்று இருந்தால் ஊற்றிய நொடியே தண்ணீரின் சூட்டில் பல டிகிரியைத் தின்றுவிடும். இளவறுவலுக்குத் தண்ணீர் கொதித்த உடனே ஊற்றலாம், ஆற விட வேண்டாம். கரு வறுவலுக்குத்தான் 90 டிகிரிக்கு இறக்க வேண்டும். (ஊட்டியில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. அந்த உயரத்தில் தண்ணீர் கொதிப்பதே 93 டிகிரியை ஒட்டித்தான்.)

பொடியைப் போட்டு, பாத்திரத்தைப் பக்கவாட்டில் தட்டிச் சமப்படுத்தி, முதலில் 45 மில்லி மட்டும் ஊற்றுங்கள். குடை மாதிரி இருக்கும் அழுத்துத் தட்டை இப்போது வைக்க வேண்டாம். புதிதாக வறுத்த பொடியானால் நனைந்ததும் புற்று மண் மாதிரி பொங்கி எழும், நடுவில் குமிழி வெடிக்கும். வறுக்கும்போது கொட்டைக்குள் தங்கிய கரியமில வாயு வெளியேறுவது அது. அந்த வாயு இருக்கும்வரை தண்ணீர் பொடிக்குள் புகாது, விளிம்பில் வழி கண்டுபிடித்து ஓடிவிடும். 40 வினாடி பொறுத்து, ஒரு ஸ்பூன் காம்பால் மெல்லக் கிளறி, அதன்பிறகு தட்டை வைத்து லேசாக அழுத்தி, மீதித் தண்ணீரை இரண்டு தவணையாக ஊற்றி மூடிவிடுங்கள். எல்லாம் இறங்க ஐந்து முதல் ஏழு நிமிடம் ஆனால் சரி. மூன்று நிமிடத்துக்குள் இறங்கினால் அடுத்த முறை இன்னும் நைசாக அரைக்க வேண்டும், பத்தைத் தாண்டினால் கொஞ்சம் கொரகொரப்பாக.

துளைகளையும் ஒருமுறை பாருங்கள். மேல் பாத்திரத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தெரியும். ஊசி முனை அளவில் நெருக்கமாக இருப்பதுதான் நல்ல பில்டர். இப்போது கடையில் கிடைப்பவற்றில் துளை ஒரு சீராக இருப்பதே இல்லை. நாலைந்து துளை மட்டும் பெரிதாக இருக்கும், தண்ணீர் மொத்தமும் அந்த வழியே போய்விடும். வெளியே பளபளவென்று மெருகு போட்டு, பெட்டியில் அடைத்து விற்கிறார்கள், காபி இறங்கும் இடத்தைக் கவனிக்க ஆள் இல்லை. என் பெரிய வருத்தம் இது. உங்கள் பில்டர் அப்படி இருந்தால் தூக்கிப்போட வேண்டாம். காகித வடிகட்டியை அடிப்பாகத்தின் அளவுக்கு வட்டமாக வெட்டி, நனைத்து, துளைகளின் மேல் படிய வைத்துப் பொடியைப் போடுங்கள். ஓட்டம் நிதானப்படும், அடியில் வண்டலும் இறங்காது.

பாலோடு குடிப்பவருக்குக் கணக்கு வேறு. 25 கிராம் பொடி, 120 மில்லி தண்ணீர். ஒரு கிராம் பொடி ஏறக்குறைய 2 மில்லி தண்ணீரைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும், ஆகவே கைக்கு வருவது 70 மில்லி டிகாக்‌ஷன். இங்கே ஒரு சிக்கல். காபியின் எடையில் 18 முதல் 22 சதவீதம் தண்ணீருக்கு வந்தால்தான் ருசி சமனாக இருக்கும் என்பது பொதுவான கணக்கு. 25 கிராமில் அது 5 கிராம். 70 மில்லிக்குள் 5 கிராமையும் இறக்க நம் பில்டரால் முடியாது. அதனால் இரண்டாம் டிகாக்‌ஷனை மட்டமாக நினைக்காதீர்கள். இன்னொரு 60 மில்லி கொதிநீர் ஊற்றி இறக்கி, முதலாவதோடு கலந்துவிடுங்கள். முதலில் புளிப்பு, இரண்டாவதில் இனிப்பு. இரண்டும் சேர்ந்தால்தான் முழுக் காபி. இதை 150 மில்லி பாலில் கலந்தால் இரண்டு சின்ன டம்ளர் வரும். பாலைப் பொங்கப் பொங்கக் காய்ச்சி ஊற்றாமல், காய்ச்சிய பாலை 65 டிகிரி அளவில் சூடாக்கி ஊற்றினால் காபியின் வாசம் அமுங்காது.

இளவறுவல், அதுவும் தோலும் சதையும் கழுவி நீக்கிப் பதப்படுத்திய அராபிகா (காபிச் செடியின் இரண்டு முக்கிய இனங்களில் ஒன்று, மற்றது ராபஸ்டா), பாலுக்கு ஒத்துவராது. என்ன செய்தாலும் பால் திரிந்த மாதிரி ஒரு வாடை வரும். இதைச் சொன்னால், 'காபி என்றாலே பாலோடுதான், மற்றதெல்லாம் பந்தா' என்று ஒரு பக்கம் வருவார்கள். 'ஸ்பெஷாலிட்டியில் பால் ஊற்றுவதா' என்று மறுபக்கம் வருவார்கள். இரண்டு பேச்சும் எனக்கு ஒப்பவில்லை. பாலுக்கு என்று கொட்டை தேர்ந்தெடுத்தால் தீர்ந்தது. நடுத்தர வறுவலாக, பழத்தோடு உலர்த்திய வகையோ, பிசுபிசுப்புப் போகாமல் உலர்த்திய 'ஹனி' வகையோ கேளுங்கள். அராபிகா 70 பங்குக்கு, கழுவிப் பதப்படுத்திய நல்ல ராபஸ்டா 30 பங்கு சேருங்கள். சிக்கரி தந்த கெட்டித்தன்மை அப்படியே திரும்ப வரும். ராபஸ்டா என்றதும் மட்டம் என்று நினைப்பது பழைய கதை. இந்தியாவில் விளைவதில் ஏறக்குறைய 70 சதவீதம் ராபஸ்டாதான். நிழலில் வளர்த்து, கழுவி, கவனமாக உலர்த்திய நம் ராபஸ்டாவுக்கு வெளிநாட்டில் நல்ல பெயர். 'காப்பி ராயல்' என்ற தரப்பெயரை பாக்கெட்டில் பார்த்தால் அது ராபஸ்டா என்று தெரிந்துகொள்ளுங்கள்.

பெயர்களைப் பற்றி இன்னொன்று. கடைப் பலகையில் 'பீபெரி', 'பிளாண்டேஷன் ஏ' என்று எழுதியிருப்பது ருசிக்கான தரம் இல்லை. பிளாண்டேஷன் என்றால் கழுவிப் பதப்படுத்திய அராபிகா, ஏ என்பது சல்லடை அளவு. பீபெரி என்பது பழத்துக்குள் இரண்டு விதைக்குப் பதில் ஒன்று மட்டும் உருண்டையாக விளைந்தது. ஸ்பெஷாலிட்டி என்பது வேறு அளவுகோல். பயிற்சி பெற்றவர்கள் குடித்துப் பார்த்து 100க்கு 80 அல்லது அதற்கு மேல் போட்டால் அந்தப் பெயர், குறைபாடுள்ள கொட்டைகளுக்கும் கட்டுப்பாடு உண்டு. இப்போது அதுவும் மாறிக்கொண்டிருக்கிறது. சர்வதேச ஸ்பெஷாலிட்டி காபி சங்கம் 2023இல் கொண்டுவந்த புது மதிப்பீட்டு முறையில், காபி எப்படி இருக்கிறது என்பதும் குடிப்பவருக்கு எவ்வளவு பிடித்தது என்பதும் தனித்தனியாக எழுதப்படுகின்றன. மல்லிகை, ஆரஞ்சு என்று பாக்கெட்டில் போடுவது சேர்த்த வாசனை இல்லை, ருசி பார்த்தவருக்குத் தோன்றிய ஒப்புமை. ஆனால் பழங்களைச் சேர்த்தே கொட்டையைப் புளிக்கவைக்கும் வகை இப்போது அதிகம் வருகிறது. அதில் வாசம் தூக்கலாக இருக்கும், பாலில் மருந்து வாடை அடிக்கும். முதல் பாக்கெட்டுக்கு அதை வாங்க வேண்டாம்.

தண்ணீரைக் கடைசியாகச் சொன்னாலும் சென்னையில் பாதிப் பிரச்சினை இதுதான். காபிக்கு லிட்டருக்கு 150 மில்லிகிராமை ஒட்டிக் கரைந்த உப்புகள் இருப்பது நல்லது. ஆர்.ஓ. தண்ணீரில் 30தான் இருக்கும். புளிப்பைத் தணிக்க அதில் ஒன்றும் இல்லாததால் காபி கூராகப் புளிக்கும். போர் தண்ணீரில் 500, 800 என்று இருந்தால் நல்ல புளிப்பும் அமுங்கிச் சுண்ணாம்பு மாதிரி சப்பென்று ஆகிவிடும். 30 உள்ள ஆர்.ஓ. மூன்று பங்கும் 500 உள்ள தண்ணீர் ஒரு பங்கும் கலந்தால் 147.5 வரும். கரிக்கும் தண்ணீரானால் இந்தக் கலவை வேண்டாம், அதில் இருப்பது சோடியம். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் மீட்டர் மொத்த அளவை மட்டும்தான் காட்டும், எந்த உப்பு என்று காட்டாது.

650 ரூபாய் நியாயமா என்றும் நினைத்திருப்பீர்கள். ஐந்தாறு கிலோ பழத்தைப் பறித்தால் ஒரு கிலோ பச்சைக் கொட்டை. வறுத்தால் அதிலும் 12 முதல் 15 சதவீதம் போய்விடும். பழுத்ததை மட்டும் கையால் பார்த்துப் பறித்தால் கூலியும் ஏறும். இதற்கு மேல், பிரேசிலிலும் வியட்நாமிலும் வறட்சி வந்து, 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியது. ஆகவே விலையை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். தோட்டத்தின் உயரம், செடியின் ரகம் எல்லாம் அழகாக அச்சடிக்கிறார்கள், அறுவடை மாதம் பெரும்பாலும் இருப்பதில்லை. வறுத்த தேதியே இல்லாத பாக்கெட்டும் உண்டு. 'பேக் செய்த தேதி' வறுத்த தேதி ஆகாது. இளவறுவல் கொட்டை வறுத்து 10 நாளிலிருந்து ஒரு மாதம் வரை நன்றாக இருக்கும், அரைத்துவிட்டால் சில நாளில் வாசம் போய்விடும். சாதாரணக் கலவைப் பொடிக்காவது காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, சதவீதத்தை லேபிளில் போட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. வறுத்த தேதிக்கும் அப்படி ஒன்று வேண்டும்.

அடுத்த முறை கொட்டையாக வாங்குங்கள். மிக்ஸி வேண்டாம். அதன் பிளேடு பாதியை மாவாகவும் பாதியைக் குருணையாகவும் ஆக்கும், ஒரே டம்ளரில் கசப்பும் புளிப்பும் சேர்ந்து வரும். பல்சக்கரம் வைத்த கை கிரைண்டர் போதும். அரைக்கும் முன் கொட்டையில் இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்துக் குலுக்கினால் பொடி நிலைமின்சாரத்தால் கிரைண்டரில் ஒட்டாது.

இப்போது கையில் இருக்கும் கொரகொரப்புப் பொடியை வீணாக்க வேண்டாம். மூடியுள்ள பாத்திரத்தில் 15 கிராம் பொடி போட்டு, கொதிக்கக் கொதிக்க 240 மில்லி தண்ணீர் ஊற்றி மூடுங்கள். ஐந்தாவது நிமிடம் மேலே மிதக்கும் பொடியை ஸ்பூனால் உடைத்துவிட்டு, நுரையை வழித்தெடுங்கள். இன்னும் மூன்று நிமிடத்தில் பொடி அடியில் படிந்துவிடும். அசைக்காமல் மேலாகச் சாய்த்து, பில்டரின் மேல் பாத்திரத்தில் ஊற்றி வடித்து, முதல் டம்ளரைப் பால் சேர்க்காமல் குடித்துப் பாருங்கள்.