7 மி.மீ. போட்டும் நடுக்கமா?

கேள்வி: வெதுவெதுப்பான கடலில் ஸ்கூபா கற்றுக்கொண்டவள் நான். இப்போது குளிர்ந்த ஏரி ஒன்றில் இறங்க ஆரம்பித்திருக்கிறேன். மேலே 16 டிகிரி, 15 மீட்டர் தாண்டினால் 11 டிகிரி. இரவல் வாங்கிய 7 மி.மீ. தடிமனுள்ள வெட்சூட்டில் (உடம்போடு ஒட்டும் ரப்பர் நுரை உடை) போன வாரம் இருபது நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. பற்கள் தந்தியடித்தன. தோளைத் தூக்கவும் முடியவில்லை. சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். சூடும் வேண்டும், கைகால் வளையவும் வேண்டும். இன்னும் தடிமனாகப் போகலாமா?

பதில்: வேண்டாம். தடிமனை அப்புறம் பார்ப்போம். அந்த இரவல் சூட் உங்கள் இடுப்பின் பின்பக்கம் ஒட்டி நின்றதா, பை போலத் தொங்கியதா? அதை முதலில் யோசித்துப் பாருங்கள்.

நான் முதன்முதலாகக் குளிர்நீருக்கென்று வாங்கியதும் 7 மி.மீ. தான். வளர்கிற பிள்ளைக்குச் சட்டை எடுப்பதுபோல ஒரு சைஸ் கூடுதலாக எடுத்தேன். மாட்டுவதற்குச் சுலபமாக இருந்தது, அதில் மயங்கிவிட்டேன். 12 டிகிரித் தண்ணீரில் இறங்கினேன். துணைக்கு வந்த நண்பர் எங்கே என்று தலையைத் திருப்பினால் கழுத்து வழியாக முதுகுத்தண்டில் ஒரு குளிர்நீர்க் கோடு இறங்கும். காலில் மாட்டிய துடுப்பை ஒரு தடவை உதைத்தால் இடுப்புக்குப் பின்னால் சூட் துருத்தி மாதிரி ஊதிச் சுருங்கும். உடம்பு சூடாக்கி வைத்த தண்ணீரை அது வெளியே தள்ளிவிட்டுப் புதுக் குளிரை உள்ளே இழுத்துக்கொண்டது. பதினெட்டாவது நிமிடத்தில் ஒரு கிளிப்பைக் கழற்றக் கட்டைவிரல் மறுத்தது. மேலே வந்ததும் நண்பர் என் முதுகுப் பக்கம் ரப்பரைப் பிடித்து ஒரு கைப்பிடி இழுத்துக் காட்டி, “இங்கே ஒரு வாளி தண்ணீர் வைத்திருந்தீர்களே” என்றார். அடுத்த வாரம் அதே இடத்தில், உடம்போடு ஒட்டிய பழைய 5 மி.மீ. சூட்டில் முப்பது நிமிடம் இருந்தேன்.

காரணம் எளிது. காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாகத் தண்ணீர் உடம்பின் சூட்டை வாங்கிக்கொண்டு போகும். வெட்சூட்டுக்குள் இருக்கும் மெல்லிய நீர்ப்படலம்தான் நம்மைக் காப்பாற்றுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மைகூட இல்லை. காப்பது நியோப்ரீன் என்ற ரப்பர் நுரைக்குள் அடைபட்ட வாயுக் குமிழிகள். 1952 வாக்கில் ஹியூ பிராட்னர் என்ற அமெரிக்க இயற்பியலாளர் பிடித்த சூட்சுமமும் இதுதான்: காப்பு துணியின் குமிழிகளிலேயே இருந்தால், உள்ளே இருப்பவர் நனைந்தாலும் பரவாயில்லை. உள்ளே வந்த தண்ணீர் அசையாமல் கிடந்தால் போதும். அது வருவதும் போவதுமாக இருந்தால் 7 மி.மீ. என்ன, 10 மி.மீ. போட்டாலும் வீண்.

ஆகவே கடையில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். காலில் ஒரு பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டால் சூட்டின் கால் வழுக்கிக்கொண்டு ஏறும். கைக்கும் அதே வித்தை. ஜிப் போட்டதும் கண்ணாடியைப் பார்க்க வேண்டாம், குந்தி உட்காருங்கள். இடுப்புக்குப் பின்னால், அக்குளில், கவட்டில் விரலால் கிள்ளிப் பாருங்கள். துணி தனியாக மடிப்பெடுத்தால் அங்கே தண்ணீர் தேங்கும். இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, பின்னால் சிலிண்டர் வால்வைத் தொடுவதுபோல் வளையுங்கள். மூச்சை முழுசாக இழுங்கள். நெஞ்சு தடுக்கினால் அது உங்கள் சூட் இல்லை. கழுத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை: இறுக்கமான காலர் கழுத்து இரத்தக்குழாயை அழுத்தினால் நாடித்துடிப்பு இறங்கித் தலை சுற்றும். அப்படி ஆனால் “போட்டுப் போட்டுத் தளர்ந்துவிடும்” என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

இனி நீங்கள் கேட்ட வளைவு. இதில்தான் பேரம். மிருதுவாக, ரப்பர் பேண்ட் போல இழுபடும் நியோப்ரீனில் வாயு அதிகம். கடையில் சொர்க்கமாக இருக்கும். ஆனால் 10 மீட்டரில் அழுத்தம் இரட்டிப்பாகி, குமிழிகளின் கன அளவு பாதியாகிறது. 30 மீட்டரில் கால்வாசி. எந்த நியோப்ரீனும் ஆழத்தில் மெலியத்தான் செய்யும், மிருதுவானது கூடுதலாக மெலியும். உங்கள் ஏரியிலோ குளிர் காத்திருப்பது கீழேதான். அதனால் நெஞ்சு, வயிறு, முதுகுக்குச் சற்று அடர்த்தியான 7 மி.மீ., தோள், அக்குள், முழங்காலுக்கு மட்டும் இழுபடும் துண்டு என்று கலந்து தைத்ததைத் தேடுங்கள். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். போன வாரம் உங்கள் தோள் மாட்டிக்கொண்டது தடிமனால் மட்டும் இல்லை, அக்குள் வெட்டு உங்கள் உடம்புக்குப் பொருந்தாததாலும் இருக்கலாம். உள்ளே டைட்டானியம் பூச்சு என்று பளபளப்பாகக் காட்டுவார்கள். நான் அதற்காக ஒரு காசு கூடத் தர மாட்டேன்.

தையலைப் பார்க்க சூட்டை உள்ளே வெளியே திருப்புங்கள். ஏணிபோல அகலமான தையல் இரு பக்கமும் ஓடினால் ஊசி துணியைத் துளைத்து வந்திருக்கிறது என்று பொருள். ஒவ்வொரு ஓட்டையும் ஒரு குழாய். விளிம்புகளைப் பசையால் ஒட்டி, ஊசி மறுபக்கம் வராமல் தைத்ததுதான் குளிருக்கு ஏற்றது. மணிக்கட்டிலும் கணுக்காலிலும் வழவழப்பான ரப்பர் பட்டை தோலோடு ஒட்ட வேண்டும். இந்த வகையைத்தான் செமி டிரை என்கிறார்கள். முதுகு ஜிப் என்றால் பின்னால் அகலமான மடல் இருக்கிறதா பாருங்கள். மார்பு ஜிப் மாட்டுவதற்குச் சள்ளை, ஆனால் முதுகுத்தண்டு தப்பிக்கும்.

ஹுட் என்கிற தலைமூடி இல்லாமல் இதெல்லாம் வீண் செலவு. உடம்புச் சூட்டில் பாதி தலை வழியாகத்தான் போகிறது என்பது கட்டுக்கதை. ஆனால் கைகால்களில் இரத்தக்குழாய் சுருங்கிச் சூட்டைச் சேமிப்பதுபோலத் தலையில் நடப்பதில்லை, அதனால் மூடித்தான் ஆக வேண்டும். கழுத்துப் பட்டை காலருக்குள் செருகும்படியான ஹுட் வாங்குங்கள். கையுறை 5 மி.மீ. போதும். அதை மாட்டிக்கொண்டு கரையிலேயே எல்லாக் கிளிப்பையும் நாலு தடவை கழற்றி மாட்டிப் பழகுங்கள்.

11 டிகிரியில் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு முறை, அரை மணி நேரம் என்றால் நல்ல செமி டிரை போதும். 10 டிகிரிக்குக் கீழே அடிக்கடி போவதாக இருந்தால் வெட்சூட்டோடு மல்லுக்கட்டாமல், தண்ணீரை உள்ளே விடாத டிரை சூட் பயிற்சிக்குப் பெயர் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: புது 7 மி.மீ. சூட்டில் உள்ளே இறங்கவே முடியவில்லை, தக்கை மாதிரி மிதக்கிறேன். இடுப்பில் எத்தனை கிலோ ஈயம் கட்ட வேண்டும்?

பதில்: கிலோ கணக்கை நான் இங்கிருந்து சொன்னால் அது ஜோசியம். சிலிண்டரில் 50 பார் அழுத்தத்துக்குக் காற்று மிச்சம் இருக்கும்போது, 5 மீட்டரில், பிசிடியில் (மிதப்பைக் கூட்டிக் குறைக்கக் காற்றடைக்கும் அங்கி) காற்றில்லாமல் அசையாமல் நிற்க முடிகிறதா? அந்த எடைதான் உங்கள் எடை. சிலிண்டர் காலியாகக் காலியாக லேசாகும், அதனால் நிறைந்த சிலிண்டரோடு மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஆழத்தில் சூட் நசுங்கி மிதப்பு குறையும்போது பிசிடியில் கொஞ்சம் காற்று சேர்த்துக்கொள்ளுங்கள், ஏறும்போது அதை மறக்காமல் வெளியேற்றுங்கள். சில பத்து டைவ்களில் புது நியோப்ரீன் தளர்ந்து மிதப்பு குறையும். அப்போது மறுபடி சோதியுங்கள்.

கேள்வி: கேட்கக் கூச்சமாக இருக்கிறது. குளிரில் சூட்டுக்குள்ளேயே சிறுநீர் கழித்தால் சூடாக இருக்கும் என்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: நண்பர் அனுபவசாலி. அந்தச் சூடு ஏற்கெனவே உங்கள் உடம்பில் இருந்ததுதான், இடம் மாறுகிறது, அவ்வளவே. ஒரு நிமிடம் சுகம், பிறகு பழையபடிதான். குளிரும் நீரழுத்தமும் சேர்ந்து சிறுநீரை அதிகமாக்கும். அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இறங்குவதுதான் தப்பு. வந்ததும் சூட்டை நல்ல தண்ணீரில் உள்ளும் புறமும் அலசி, அகலமான ஹேங்கரில் உட்புறம் வெளியே தெரியும்படி நிழலில் தொங்கவிடுங்கள். மடித்து வைத்தால் மடிப்பில் நுரை நசுங்கிவிடும். இரவல் சூட் என்றால் நண்பரின் யோசனையை அவரே கடைப்பிடிக்கட்டும்.